யாரைக் கீழே அனுப்புவது?

ஏற்காடு மலைக்கிராமங்களின் சுகாதாரப் பணியாளர்களுக்கு முதன்முதலாகப் பல் பயிற்சி கொடுக்கப் போனபோது, லேப்டாப்பில் அறுபது ஸ்லைடு எடுத்துப் போயிருந்தேன். எனாமல், டென்டின், வேர், நரம்பு. அரை மணி நேரத்தில் பாதிப் பேர் ஜன்னல் வழியே பேருந்து வருகிறதா என்று பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். கடைசியில் ஓர் அக்கா எழுந்து, "டாக்டரம்மா, மேல் பல்லைப் புடுங்கினா கண்ணு மங்கிடும்னு சொல்றாங்களே, நெசமா?" என்று கேட்டார். லேப்டாப்பை மூடிவிட்டேன். உண்மையான பயிற்சி அப்புறம்தான் நடந்தது.

மங்காது. பல்லுக்குப் போகும் நரம்பு வேறு, பார்வை நரம்பு வேறு. இந்தப் பயத்திலேயே சீழ் வைத்த பல்லை வருஷக்கணக்கில் சுமப்பவர்களை நான் ஓயாமல் பார்க்கிறேன்.

பயம் ஒரு பக்கம், பாதை ஒரு பக்கம். சேலத்துக்கு இறங்க 20 கொண்டை ஊசி வளைவுகள். வந்தால் எஸ்டேட்டில் ஒரு நாள் கூலி போச்சு. அதனால் கிராம்பு, பெட்டிக்கடை மாத்திரை என்று ஓட்டிவிட்டு, கன்னம் வீங்கிய பிறகே வருகிறார்கள். உலகம் முழுக்க வாய் நோய் உள்ளவர்கள் சுமார் 350 கோடி பேர் என்றும், நான்கில் மூன்று பேர் நடுத்தர வருமான நாடுகளில் இருக்கிறார்கள் என்றும் உலக சுகாதார நிறுவனம் 2022இல் சொன்னது. பல் டாக்டர்களோ நகரத்தில் குவிந்து கிடக்கிறோம். என் கிளினிக்கும் சேலத்தில்தான்.

1980களின் நடுவில் தான்சானியாவில், கரண்ட் இல்லாத ஊர்களுக்காக, டிரில் இல்லாமல் கைக்கருவியால் சொத்தையைச் சுரண்டி அடைக்கும் முறையை உருவாக்கினார்கள். அதை இவர்களுக்குக் கற்றுக்கொடுக்கலாமே என்று நண்பர்கள் கேட்பதுண்டு. நம் நாட்டில் சட்டம் அதற்கு இடம் தராது. பதிவு பெறாதவர் சிகிச்சை செய்யக்கூடாது. எனக்கு அதில் வருத்தமில்லை. இவர்களிடம் எனக்கு வேண்டியது கை அல்ல, கண். யாரைக் கீழே அனுப்புவது, எவ்வளவு அவசரமாக அனுப்புவது என்று தெரிந்தால் போதும்.

எல்லாவற்றுக்கும் முதலில் சொல்லித்தருவது ஆறு வயதில் முளைக்கும் கடைவாய்ப் பல்லை. எந்தப் பால் பல்லும் விழாமல், வரிசையின் கடைசியில் சத்தமில்லாமல் வந்துவிடும். "பால் பல்தானே, விழுந்துடும்" என்று அம்மாக்கள் விட்டுவிடுவார்கள். அது விழாது, ஆயுசுக்கும் அதுதான். அதில் கரும்புள்ளி தெரிந்தால் வலிக்கும்வரை காத்திருக்காமல் அனுப்பச் சொல்கிறேன். அதே சமயம் கறையெல்லாம் சொத்தையும் இல்லை. சேலம், தருமபுரி பக்கம் சில ஊர்களின் போர் தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகம். அங்கே வளர்ந்தவர்களின் பல்லில் பழுப்புக் கோடு இருக்கும்.

அடுத்து, இரண்டு வாரம் தாண்டியும் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, மூன்று விரல் நுழையாத அளவுக்கு இறுகிய வாய். இவை வாய்ப் புற்றுநோயின் அறிகுறியாக இருக்கலாம். தாடைக்கு அடியில் வீங்கி எச்சில் விழுங்கவே சிரமப்பட்டால் பேருந்துக்குக் காத்திருக்கவே கூடாது, உடனே 108.

படம் காட்டுவதை விட்டுவிட்டேன். டார்ச்சும் ஐஸ் குச்சியும் கொடுத்து ஒருவர் வாயை ஒருவர் பார்க்கச் சொல்கிறேன். முதலில் ஒரே சிரிப்பு. ஒருமுறை அந்தச் சிரிப்பு சட்டென்று நின்றது. ஓர் அக்காவின் கீழ் உதட்டுக்குள் சுருங்கிய வெள்ளைத் திட்டு. பல்வலிக்கு என்று ஆரம்பித்துப் பல வருஷமாகப் புகையிலை அடக்குகிறாராம். ஊருக்கெல்லாம் "புகையிலை கூடாது" என்று சொல்லும் அதே அக்கா.

அரசு மருத்துவமனையில் சதை எடுத்துப் பரிசோதித்தார்கள், புற்றுநோய் இல்லை. புகையிலையை விட்டார், திட்டும் மெல்ல மங்கியது. இப்போது வீடு வீடாகப் போகும்போது உதட்டை மடித்து, "இங்கதான் இருந்துச்சு" என்று காட்டுகிறாராம். போன மாதம் அவர் அனுப்பி இரண்டு பேர் என் நாற்காலிக்கு வந்தார்கள். ஒருவருக்குப் பிரச்சினை ஒன்றுமில்லை.

அடுத்த பயிற்சி அக்டோபரில். காபிப் பழம் பறிக்கத் தொடங்கிவிட்டால் மலையில் யாருக்கும் நேரம் இருக்காது.