சம்மட்டி தேடிப்போன இயந்திரம்

இயந்திரங்களை உடைத்தவர்கள் என்றதும் லட்டைட்டுகளின் பெயர்தான் முதலில் வரும். புதுமை பிடிக்காத முரட்டுக் கூட்டம், கண்ணில் பட்ட சக்கரத்தையெல்லாம் போட்டு நொறுக்கியது என்பது பள்ளிப் பாடத்தோடு நம் மண்டையில் ஏறிய கதை. நொறுங்கிய இயந்திரம் எது, அது என்ன வேலை செய்தது என்று அநேகமாக யாரும் கேட்பதில்லை. இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் 1812இல் அவர்கள் இரவோடு இரவாகத் தேடித்தேடி உடைத்தது, கம்பளித் துணிக்கு முடி வெட்டும் ஒரு சாதனத்தை. அது ஓடும் விதம் புரிந்தால் சண்டையும் புரியும்.

தறியிலிருந்து இறங்கும் கம்பளித் துணியை அப்படியே கோட்டுக்கு எடுக்க முடியாது. இழைக்கு இழை சந்து தெரியும். முதலில் அதை அலசி, ஈரத்தோடு மர உலக்கைகளின் கீழே போட்டு மணிக்கணக்கில் இடிப்பார்கள். ஆட்டு மயிரின் மேல் நுண்ணிய செதில்கள் உண்டு. இடிக்க இடிக்க அவை ஒன்றுக்குள் ஒன்று மாட்டிக்கொண்டு துணி சுருங்கும், தடிக்கும். நெசவே கண்ணுக்குத் தெரியாமல் போகும். பிறகு டீஸில் என்ற செடியின் காய்ந்த பூந்தலைகளால் துணியை வாருவார்கள். அதன் வளைந்த முட்கள் இழைகளின் நுனியை மட்டும் கிளப்பிவிடும்; அழுத்தம் கூடினால் முள்தான் முறியும், துணி கிழியாது. இப்போது துணியின் மேல் பரட்டையாக மயிர் நிற்கும். அதை ஒரே மட்டமாக வெட்ட வேண்டும். சலூனில் சீப்பால் தூக்கிப் பிடித்து நுனியைக் கத்தரிப்பது போலத்தான். நல்ல துணி என்றால் வாருவதும் வெட்டுவதும் பல முறை மாறி மாறி நடக்கும்.

வெட்டுகிறவருக்குக் கிராப்பர் என்று பெயர். யார்க்‌ஷயர் லட்டைட்டுகளில் பலர் இவர்களே. அவருடைய கத்தரியைக் கத்தரி என்று சொல்லவே கூச்சமாக இருக்கும்: ஏறக்குறைய நாலடி நீளம், 18 கிலோவும் அதற்கு மேலும் எடை. மெத்தை வைத்த வளைவான மேசையில் துணியை இழுத்துக் கொக்கியில் மாட்டுவார். கத்தரியின் கீழ் அலகு துணியின் மேல் படுத்துக்கிடக்கும். அது ஆடாமல் உட்கார ஈயக் கட்டி ஏற்றியிருப்பார்கள். மேல் அலகை ஒரு பிடியால் இழுத்து இழுத்து விட வேண்டும். ஒரு இழுப்பு, ஒரு வெட்டு, கத்தரி ஒரு நூல் நகரும், அடுத்த இழுப்பு. கீழ் அலகு கொஞ்சம் அழுந்தினாலும் துணி ஓட்டையாகும். தூக்கலாக இருந்தால் மயிர் மேடுபள்ளமாக நிற்கும். இப்படி ஆண்டுக்கணக்கில் வேலை செய்தவரின் மணிக்கட்டில் குளம்பு போல ஒரு காய்ப்பு விழும். ஊரில் கிராப்பரை அடையாளம் காண அது போதும்.

அந்தக் காய்ப்புக்கு விலை இருந்தது. முடிந்த துணியின் மதிப்பில் சுமார் 5 சதவீதம் கிராப்பருக்குக் கூலி. அவர் மனது வைத்தால் துணியின் விலை 20 சதவீதம் ஏறும், மனது வைக்காவிட்டால் அதே அளவு இறங்கும் என்பது அன்றைய கணக்கு. முதலாளிக்கு உறுத்தியது கூலி மட்டும் இல்லை, இந்தப் பிடியும்தான். சங்கம் சேர்வதை 1799இலும் 1800இலும் சட்டம் போட்டுத் தடுத்திருந்தார்கள். கிராப்பர்கள் அதையும் மீறி ஒற்றுமையாக இருந்தார்கள்.

இனி இயந்திரம். கிராப்பரின் வேலையைப் பிரித்துப் பார்த்தால் அதில் இருப்பவை இரண்டே அசைவுகள். ஒன்று, மேல் அலகின் வேகமான முன்பின் ஆட்டம். இன்னொன்று, முழுக் கத்தரியும் துணிமேல் மெல்ல ஊர்ந்து போவது. ஒரே ஷாஃப்ட் (சுழல்தண்டு) சுற்றினால் இரண்டையும் எடுத்துவிடலாம். ஷாஃப்டின் முனையில் கிராங்க் என்ற வளைந்த தண்டு ஒன்றை மாட்டினால் சுழற்சி முன்பின் ஆட்டமாகும். அதே ஷாஃப்டிலிருந்து வேகத்தைக் குறைத்து ஓர் உருளையைச் சுற்றவிட்டால், அதில் சுருளும் கயிறு கத்தரி வண்டியை நிதானமாக இழுக்கும். ஷெஃபீல்டைச் சேர்ந்த ஜான் ஹார்மர் 1787இலும் 1794இலும் காப்புரிமை வாங்கிய, வெட்டுச்சட்டம் என்ற இந்த இயந்திரத்தின் சாரம் இவ்வளவுதான். அலகு பழைய கத்தரியின் அலகே. கைக்கு மட்டும் மாற்று வந்தது.

ஷாஃப்டை எது சுற்றுகிறது என்பது இயந்திரத்துக்குப் பொருட்டே இல்லை. மலையடி ஆறுகளின் ஓரத்தில் தண்ணீர்ச் சக்கரம் சுற்றியது. லீட்ஸ் நகரில் பெஞ்சமின் காட் என்ற முதலாளியின் பெரிய ஆலையில் போல்டன் வாட் நிறுவனத்தின் நீராவி எஞ்சின் ஓடியது. நீராவி கொடுத்தது ஆறு இல்லாத இடத்திலும் கோடையிலும் நிற்காத சுழற்சி. கூலியை அடித்தது கிராங்கும் கயிறும். ஒரே ஆள், ஓரிரு பையன்களை வைத்துக்கொண்டு, பல கத்தரிகளைப் பார்த்துக்கொள்ளலாம். அந்த ஆளுக்கு மணிக்கட்டுப் பழக்கம் வேண்டியதில்லை. அலகைத் தீட்டிப் பொருத்துகிற நுட்பம் மட்டும் மனிதரிடம் மிஞ்சியது.

வாருகிற வேலைக்கும் இயந்திரம் இருந்தது. டீஸில் பதித்த உருளை சுழலும், துணி அதன் மேல் உரசிக்கொண்டு ஓடும். இது ஒன்றும் புதிது இல்லை. 1552 வாக்கிலேயே கிக் மில் என்ற பெயரில் இத்தகைய உருளைக்கு இங்கிலாந்தில் தடைச் சட்டம் இருந்தது. கிராப்பர்கள் முதலில் சம்மட்டியைத் தூக்கவில்லை. காசு திரட்டி, வக்கீல் வைத்து, அந்தச் சட்டத்தை அமல்படுத்துங்கள் என்று நாடாளுமன்றத்திடம் போனார்கள். நாடாளுமன்றம் 1809இல் சட்டத்தையே நீக்கிவிட்டது. வாசல் சாத்தப்பட்டது அங்கேதான் என்று எனக்குத் தோன்றுகிறது. பின்னாலேயே நெப்போலியன் போரால் ஏற்றுமதி முடங்கியது, 1811இல் அமெரிக்கச் சந்தையும் மூடியது, விளைச்சல் பொய்த்து ரொட்டி விலை ஏறியது.

நாட்டிங்ஹாமில் 1811இல் தொடங்கிய உடைப்பு இதைவிட வினோதம். அங்கே நொறுங்கிய காலுறைப் பின்னல் தறி, 1589இல் வில்லியம் லீ கண்டுபிடித்ததன் வாரிசு. கையாலும் காலாலும் ஓட்டுவது. நீராவிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. உடைத்தவர்களே அதில் உட்கார்ந்து பிழைத்தவர்கள். அகலத் துணியாகப் பின்னி, வெட்டித் தைத்து, மட்டமான காலுறை விற்றுக் கூலியைக் குறைத்த முதலாளிகளின் தறிகள் உடைந்தன. சரியான கூலி கொடுத்தவரின் தறி பக்கத்து அறையில் பத்திரமாக இருந்தது. பின்னல் தறியை உடைத்தால் தூக்கு என்று 1812 மார்ச்சில் சட்டம் வந்தது. அந்த மசோதாவை எதிர்த்துத்தான் கவிஞர் பைரன் பிரபுக்கள் சபையில் தன் முதல் உரையை நிகழ்த்தினார்.

யார்க்‌ஷயரில் மார்ஸ்டன் ஊரின் கொல்லர் ஈனாக் டெய்லரின் பட்டறை வெட்டுச்சட்டங்களைச் செய்துகொடுத்தது. லட்டைட்டுகள் தங்கள் பெரிய சம்மட்டிக்கும் ஈனாக் என்றே பேர் வைத்தார்கள். செய்ததும் ஈனாக், உடைப்பதும் ஈனாக் என்று கேலி. சின்னப் பட்டறைக்காரர்கள் பயந்து வெட்டுச்சட்டங்களைத் தாங்களே கழற்றி வைத்தார்கள். பணிய மறுத்த பெரிய முதலாளிகளில் ஒருவர் ராஃபோல்ட்ஸ் ஆலையின் வில்லியம் கார்ட்ரைட். (விசைத்தறி கண்டுபிடித்த எட்மண்ட் கார்ட்ரைட் வேறு ஆள்.) ஏப்ரல் 11 இரவு சுமார் 150 பேர் அந்த ஆலையைச் சூழ்ந்தார்கள். கார்ட்ரைட் சில படைவீரர்களையும் தன் ஆட்களையும் உள்ளே படுக்க வைத்து, துப்பாக்கித் துளைகள் விட்டு, கூரையில் எச்சரிக்கை மணி கட்டித் தயாராக இருந்தார். மணிக்கயிறு பாதியில் அறுந்தது; ஆனால் கதவு அசையவில்லை. 20 நிமிடச் சண்டைக்குப் பின் காயம்பட்ட இருவரை விட்டுவிட்டுக் கூட்டம் கலைந்தது. ஜான் பூத், சாமுவேல் ஹார்ட்லி என்ற அந்த இருவரும் பிழைக்கவில்லை.

அதே மாதம் 28ஆம் தேதி வில்லியம் ஹார்ஸ்ஃபால் என்ற இன்னொரு ஆலை முதலாளி சாலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். அதோடு ஊராரின் அனுதாபமும் பிளந்தது. கலவரப் பகுதிகளில் அரசு நிறுத்திய 12,000 படையினர், 1808இல் தளபதி வெல்லிங்டன் ஐபீரியத் தீபகற்பத்துக்கு (ஸ்பெயின், போர்ச்சுகல்) கூட்டிப்போன படையைவிட அதிகம். 1813 ஜனவரியில் யார்க் நகரில் 17 பேர் தூக்கிலிடப்பட்டார்கள்.

கிராப்பர்கள் பயந்தது நடந்ததா? 1817இல் நாடாளுமன்றத்தின் முன் வைத்த கணக்கின்படி, 1806இல் யார்க்‌ஷயரில் 5 ஆக இருந்த கிக் மில்கள் 72 ஆகியிருந்தன. இயந்திரத்தில் ஓடும் கத்தரிகள் 100இலிருந்து 1,462 ஆகியிருந்தன. 3,378 கிராப்பர்களில் 1,170 பேருக்கு வேலையே இல்லை, 1,445 பேருக்கு அரைகுறை வேலை. ஆக, அவர்கள் போட்ட கணக்கில் பிழை இல்லை.

வெட்டுச்சட்டமும் நெடுநாள் வாழவில்லை. அதில் ஒரு குறை உண்டு: வண்டி துணியின் ஓரத்தை எட்டியதும் நிறுத்தி, பின்னால் இழுத்து, துணியை நகர்த்தி, மறுபடி தொடங்க வேண்டும். முன்பின் ஆட்டத்தில் ஒவ்வொரு இழுப்புக்கும் பாதி நேரம் வெட்டில்லாமல் வீண். 1815இல் தென்மேற்கு இங்கிலாந்தின் ஸ்ட்ரௌட் அருகே பிரிம்ஸ்கோம்பில் ஜான் லூயிஸ் காப்புரிமை வாங்கிய இயந்திரத்தில் கத்தரியே உருமாறிவிட்டது. மேல் அலகைப் புரியாக முறுக்கி ஓர் உருளையில் சுற்றினார்கள். கீழ் அலகு அசையாத பட்டை. உருளை சுழலும்போது புரி அலகு பட்டையைத் தொடும் புள்ளி ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓடிக்கொண்டே இருக்கும், ஒரு புரி விலகும்போது அடுத்தது வந்துவிடும். கிராங்க் வேண்டாம், திரும்பி வரும் பயணம் வேண்டாம். எந்த நொடியிலும் சில புள்ளிகளில் மட்டுமே வெட்டு நடப்பதால் எஞ்சின் மேல் சுமையும் சீராக விழும்.

அதே ஸ்ட்ரௌட் வட்டாரத்தில் எட்வின் பட்டிங் என்ற மெக்கானிக் இந்த உருளையைக் கவனித்து, துணிக்குப் பதில் புல்லின் மேல் ஓட்டினால் என்ன என்று யோசித்தார். 1830இல் அவர் காப்புரிமை பெற்றது உலகின் முதல் புல்வெட்டி. கிரிக்கெட் மைதானத்தில் இன்றும் தள்ளிக்கொண்டு போகும் உருளைப் புல்வெட்டியில் அதே புரி அலகும் அதே அசையாப் பட்டையும்தான். இரண்டுக்கும் இடையே சந்து சரியாக இருக்கிறதா என்று பார்க்க மைதானக்காரர் ஒரு காகிதத் துண்டை நுழைத்து உருளையைக் கையால் சுற்றுவார். காகிதம் பிய்யாமல் வெட்டுப்பட்டால் பொருத்தம் சரி, கசங்கினால் திருகை மறுபடி முடுக்க வேண்டும்.