சொந்தக் கோவையைப் பார்க்கக் கட்டணமா?

சுகாதாரத் துறையில் பணியாற்றுகின்றவர்கள் தமது சொந்தச் சேவைக் கோவையை (ஃபைலை) பார்ப்பதற்கோ, பயிற்சிப் பதிவேட்டின் பிரதியைப் பெறுவதற்கோ கேட்ட தொகையைக் கேட்ட இடத்தில் கொடுத்துவிட்டு, அதன் பின்னர் என் அலுவலகத்துக்கு வந்து “கட்டினது சரிதானா சேர்?” என்று கேட்பது மட்டக்களப்பில் வழக்கமாகிவிட்டது. கட்டுவதற்கு முன்னர் கேட்டிருக்கலாமே என்று சொல்லிச் சொல்லி எனக்கும் அலுத்துவிட்டது. சேவை தொடர்பான வழக்குகளையும் முறைப்பாடுகளையும் கையாளும் சட்டத்தரணி என்ற வகையில் தாதிய உத்தியோகத்தர்கள், குடும்பநல உத்தியோகத்தர்கள், மருந்தாளர்கள், உள்ளகப் பயிற்சியை முடித்த இளம் மருத்துவர்கள் என்று பலரையும் சந்திக்கிறேன். ஆள் மாறினாலும் கதை மாறுவதில்லை.

கடைசியாக வந்தவர் படுவான்கரையைச் சேர்ந்த ஒரு தாதிய உத்தியோகத்தர். வெளிநாட்டுப் பதிவுக்காகத் தாம் முன்னர் பயின்ற தனியார் பயிற்சி நிறுவனத்திடம் தமது பயிற்சி மணித்தியாலங்களின் விபரத்தைக் கேட்டிருக்கிறார். “ஃபைல் தேடும் கட்டணம்” என்று சொல்லி ஒரு தொகையைப் பெற்றுக்கொண்டு, கொப்பியிலிருந்து கிழித்த தாளில் பென்சிலால் அந்தத் தொகையை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அதில் நிறுவனத்தின் பெயர் இல்லை, முத்திரை இல்லை, இலக்கமும் இல்லை. அதைவிட என்னைத் திகைக்க வைத்தது அடுத்து நடந்த காரியம். கோவை முழுவதையும் ஓர் ஊழியரின் கையில் கொடுத்து எதிரிலுள்ள போட்டோகொப்பிக் கடைக்கு அனுப்பியிருக்கிறார்கள். அவரது மருத்துவப் பரிசோதனை அறிக்கை, தேசிய அடையாள அட்டைப் பிரதி, பெற்றோரின் வருமான விபரம் எல்லாம் ரீலோட் வாங்க வந்தவர்களின் கண்முன்னே கடை மேசையில் கிடந்திருக்கின்றன. பணம் கேட்டதைப் பற்றி அவர் மனம் நொந்து பேசினார். கடை மேசையில் கிடந்ததைப் பற்றி நான் கேட்கும்வரை ஒன்றும் சொல்லவில்லை.

இந்தப் பதிவுகள் ஏன் தேவைப்படுகின்றன என்பதை இத்துறையினருக்கு விளக்க வேண்டியதில்லை. வளைகுடா நாடுகளுக்குப் போகிறவர்களின் கல்வியையும் சேவைக்காலத்தையும் டேட்டாஃப்ளோ போன்ற நிறுவனங்கள் மூல நிறுவனத்திடமே நேரடியாக விசாரித்து உறுதிசெய்கின்றன. பிரித்தானியாவின் பொது மருத்துவப் பேரவை, நன்னடத்தைச் சான்றிதழ் கையொப்பமிட்ட நாளிலிருந்து மூன்று மாதங்களுக்கே செல்லும் என்கிறது. உள்ளூரிலும் பதவி உயர்வு, சம்பள ஏற்றம், ஓய்வூதியம் ஆகிய எல்லாவற்றுக்கும் அந்தக் கோவையிலுள்ள திகதிகளே ஆதாரம். அவசரப்படுபவரிடம் பணம் கேட்பது எளிது என்பது கேட்பவர்களுக்குத் தெரியும்.

இனி, என்னை மிகவும் எரிச்சலூட்டுகின்ற எண்ணத்துக்கு வருகிறேன். “அவங்கட ஃபைல்தானே சேர், அவங்க காசு கேட்டா குடுக்கத்தானே வேணும்?” படித்தவர், படிக்காதவர், இளையவர், ஓய்வுபெற்றவர் என்ற வேறுபாடின்றி எல்லோரும் இதையே சொல்கிறார்கள். இதில் ஒரு பாதி உண்மை. அந்தப் பாதிதான் எல்லோரையும் ஏமாற்றுகிறது. கோவை என்ற பொருள், அதாவது அந்த அட்டை, தாள்கள், அவற்றைக் கட்டியிருக்கும் நாடா ஆகியன அலுவலகத்துக்கு உரியவை. அவற்றை நீங்கள் வீட்டுக்கு எடுத்துச் செல்ல முடியாது. எடுத்துச் செல்லவும் கூடாது. ஆனால் அந்தத் தாள்களில் எழுதப்பட்டிருப்பது உங்களைப் பற்றிய விபரம். அது என்னவென்று அறிந்துகொள்வதற்கு உங்களுக்கு இருக்கும் உரிமை, தாள் யாருக்குச் சொந்தம் என்பதைப் பொறுத்ததன்று. வங்கிப் பேரேடு வங்கிக்குச் சொந்தம் என்பதற்காக உங்கள் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்பதை வங்கி மறைத்து வைக்க முடியுமா?

இதோடு சேர்ந்தே இன்னொரு குழப்பமும் வருகிறது. எந்தக் கட்டணமும் செல்லாது என்று நான் சொல்வதாகச் சிலர் விளங்கிக்கொண்டு, நியாயமான கட்டணத்தையும் கட்ட மறுத்துச் சண்டையிடுகிறார்கள். தயவுசெய்து பிரித்துப் பாருங்கள். இலங்கை மருத்துவ சபை நன்னடத்தைச் சான்றிதழ் வழங்கும்போது, பதிவேட்டைச் சரிபார்த்து, ஒழுக்காற்று நடவடிக்கை ஏதும் உண்டா என்று பார்த்து, ஒருவர் பொறுப்பேற்றுக் கையொப்பமிட்டுப் புதிய ஆவணமொன்றை உருவாக்குகிறார். அதற்கு அறிவிக்கப்பட்ட கட்டணம் உண்டு, பற்றுச்சீட்டும் உண்டு. அதைக் கட்டத்தான் வேண்டும். பிரதி எடுப்பது இரண்டாவது காரியம். அதற்குத் தாளுக்கும் மைக்கும் ஆகும் செலவைக் கேட்கலாம். ஏற்கெனவே இருக்கும் பதிவைக் கண்ணால் பார்ப்பது மூன்றாவது காரியம். இங்கே எவரும் எதையும் புதிதாக உருவாக்கவில்லை, எதற்கும் பொறுப்பேற்கவுமில்லை. இந்த மூன்றாவதற்கு முதலாவதன் விலையை வாங்குவதே நான் அன்றாடம் காணும் முறைகேடு. “ஃபைல் தேடும் கட்டணம்” என்பது அதற்கு வைத்த பெயர். கோவையை ஒழுங்காக அடுக்கி வைப்பது அலுவலகத்தின் வேலை. அது அடுக்கப்படாமல் கிடந்ததற்கான தண்டம் உங்களுக்கு எதற்கு?

அரச நிறுவனங்களைப் பொறுத்தவரை சட்டம் தெளிவாகவே இருக்கிறது. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறையில் உள்ளது. மத்திய சுகாதார அமைச்சு, மாகாணச் சுகாதாரத் திணைக்களம், பிராந்தியச் சுகாதார சேவைகள் பணிமனைகள், மருத்துவ சபை, தாதியர் சபை, பல்கலைக்கழகங்கள் எல்லாம் அதற்குள் அடங்கும். அச்சட்டத்தின் கீழ் 2017 இல் வெளியான கட்டண விதிகளின்படி, ஏ4 அளவில் முதல் நான்கு பக்கங்கள் இலவசம். அதற்கு மேல் ஒரு பக்கத்துக்கு 2 ரூபாய். ஆவணத்தைப் பார்வையிடுவதற்கு முதல் ஒரு மணித்தியாலம் இலவசம், அதன் பின்னர் மணித்தியாலத்துக்கு 50 ரூபாய். வேறொரு சட்டத்தின் கீழ் அல்லது சுற்றறிக்கையின் கீழ் முன்னரே விதிக்கப்பட்ட கட்டணம் இருக்கிறது என்று அலுவலகம் சொன்னால், எந்தச் சுற்றறிக்கை, எந்தத் திகதி என்று எழுத்தில் கேளுங்கள். என் அனுபவத்தில் பெரும்பாலான “கட்டணங்கள்” இந்தக் கேள்வியோடு காணாமல் போய்விடுகின்றன.

சில அலுவலகங்கள் இன்னொரு விசித்திரமான பதிலைத் தருகின்றன: “இது தனிப்பட்ட தகவல், தர முடியாது.” யாருடைய தனிப்பட்ட தகவல்? கேட்பவருடையது! சட்டத்தின் 5 ஆம் பிரிவு தனிப்பட்ட தகவலைப் பாதுகாப்பது உண்மைதான். ஆனால் அது மற்றவர்களிடமிருந்து உங்களைப் பாதுகாக்கவே எழுதப்பட்டது. உங்களிடமிருந்து உங்களைப் பாதுகாக்க அன்று. சம்பந்தப்பட்டவர் எழுத்தில் சம்மதம் தந்தால் வெளியிடலாம் என்று அதே பிரிவு சொல்கிறது. ஆகவே விண்ணப்பத்திலேயே “இக்கோவை என்னைப் பற்றியது, இதிலுள்ள தகவலை எனக்கு வெளியிட இத்தால் சம்மதிக்கிறேன்” என்று ஒரு வரியைச் சேர்த்துவிட்டால் அந்த வாதத்துக்கு இடமே இராது. “கோவை காணாமல் போய்விட்டது” என்பது அடுத்த பதில். சட்டம் வந்த பின்னர் உருவான பதிவுகளைக் குறைந்தது 12 ஆண்டுகள் பேண வேண்டும் என்பது அதே சட்டத்தின் கட்டளை. காணாமல் போனதென்றால் அதையும் கையொப்பமிட்டு எழுத்தில் தரட்டும். பெரும்பாலும் கோவை அடுத்த வாரம் கிடைத்துவிடுகிறது.

ஒரு வரம்பையும் சொல்ல வேண்டும். கோவையிலுள்ள ஒவ்வொரு தாளும் திறந்துவிடப்படும் என்று எதிர்பார்க்காதீர்கள். நடந்துகொண்டிருக்கும் விசாரணை தொடர்பான குறிப்புகள், உங்கள்மீது முறைப்பாடு செய்த நோயாளியின் விபரங்கள், பரீட்சைகளின் இரகசியத்தன்மை சார்ந்தவை ஆகியவற்றை மறுக்கச் சட்டத்தில் இடமுண்டு. மறுக்கும்போது காரணத்தை எழுத்தில் தர வேண்டும். மறுக்க வேண்டிய பகுதியை மட்டும் நீக்கிவிட்டு மற்றதைத் தர வேண்டும்.

தனியார் வைத்தியசாலைகளில் நிலைமை வேறு. அவை எல்லாமே இச்சட்டத்துக்குள் வருவதில்லை. அரசின் ஒப்பந்தத்தின் கீழோ அனுமதிப்பத்திரத்தின் கீழோ பொதுச் சேவை ஒன்றை நடத்துமளவுக்கே தனியார் நிறுவனம் அடங்கும். ஆனால் சட்டப்படி அங்கீகரிக்கப்பட்ட அல்லது அனுமதி பெற்ற தனியார் கல்வி நிறுவனங்களும் தொழிற்பயிற்சி நிறுவனங்களும் அடங்கும் என்பதை அந்த நிறுவனங்களை நடத்துபவர்களே அறியாமல் இருக்கிறார்கள். மேலே சொன்ன தாதிய உத்தியோகத்தரின் விடயத்தில் எங்களுக்குக் கைகொடுத்தது அதுதான். தனியார் வைத்தியசாலையில் வேலை செய்த காலத்தை நிரூபிக்க அவர்கள் கடிதம் தர மறுத்தாலோ, அதற்கு விலை பேசினாலோ, ஊழியர் சேமலாப நிதிக் கணக்கைப் பாருங்கள். எந்த முதலாளி எந்த மாதங்களுக்குப் பங்களிப்புச் செலுத்தினார் என்பது மத்திய வங்கியின் பதிவில் இருக்கிறது. அது சேவைச் சான்றிதழுக்கு முழுமையான ஈடாகாது; ஆனால் “இவர் எங்களிடம் வேலை செய்யவே இல்லை” என்று சொல்லும் வாயை அடைக்கும்.

2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், தன்னைப் பற்றிய தரவை அணுகும் உரிமையைத் தனியார் நிறுவனங்களுக்கு எதிராகவும் தருகிறது. நல்ல சட்டம். அதை நடைமுறைக்குக் கொண்டுவருவதுதான் பிற்போடப்பட்டு வந்திருக்கிறது. ஆகவே அதை மட்டும் நம்பி இருக்க வேண்டாம் என்றே என்னிடம் வருகிறவர்களுக்குச் சொல்கிறேன்.

வெளிநாடுகளில் எல்லாம் இலவசமா என்று கேட்பார்கள். இல்லை. அமெரிக்காவில் 1986 ஆம் ஆண்டின் சட்டமொன்றின் கீழ் உருவாகி 1990 இல் இயங்கத் தொடங்கிய தேசிய மருத்துவத் தொழில்புரிவோர் தரவு வங்கி, மருத்துவர்கள் மீதான இழப்பீட்டுக் கொடுப்பனவுகளையும் ஒழுக்காற்று நடவடிக்கைகளையும் சேமித்து வைக்கிறது. அதிலுள்ள தமது பதிவைத் தாமே கேட்டுப் பெறுவதற்கு மருத்துவர் சில டொலர்கள் கட்ட வேண்டும். பிரித்தானியாவிலோ முன்னர் இத்தகைய கோரிக்கைகளுக்குப் பொதுவாக 10 பவுண் வரை அறவிட முடிந்தது. 2018 மே 25 முதல் பொதுவாக இலவசமாகிவிட்டது, அளவுக்கு மீறிய கோரிக்கைகளுக்கு மட்டுமே நியாயமான கட்டணம் கேட்கலாம். பிரித்தானிய வழியே சரியானது என்பது என் கருத்து. தன்னைப் பற்றித் தவறாக ஏதும் எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பதற்கு ஒருவர் பணம் கட்ட வேண்டியிருந்தால், அந்தத் தவற்றினால் ஏற்படும் நட்டத்தையும் அதைக் கண்டுபிடிக்கும் செலவையும் அவரே சுமக்கிறார். ஆனால் அமெரிக்கக் கட்டணத்தில்கூட ஓர் ஒழுங்கு உண்டு: தொகை பகிரங்கமாக அறிவிக்கப்பட்டிருக்கிறது, எல்லோருக்கும் ஒன்றே. பென்சிலால் எழுதிய தாள் எந்த நாட்டிலும் கட்டணமாகாது.

அலுவலகங்களில் இருக்கும் முகாமைத்துவ உதவியாளர்களைக் குற்றவாளிகளாக்க நான் எழுதவில்லை. ஆளணி போதாது, பழைய கோவைகள் நனைந்து ஒட்டிப்போய்க் கிடக்கின்றன, முன்னவர் வாங்கினார் என்பதற்காக இவர் வாங்குகிறார். ஆனால் பற்றுச்சீட்டு இல்லாமல் கை நீட்டுவது இதில் சேராது. அதற்கு இலஞ்சம் என்று பெயர். இலஞ்சம் அல்லது ஊழல் பற்றிய சாத்துதல்களைப் புலனாய்வு செய்வதற்கான ஆணைக்குழுவை 1954 என்ற இலக்கத்தில் அழைக்கலாம்.

இனி நீங்கள் செய்ய வேண்டியவை. நியமனக் கடிதம், கடமையேற்புக் கடிதம், இடமாற்றக் கடிதம், சம்பள ஏற்றப் படிவம், பயிற்சி லொக் புக் ஆகியவை கைக்கு வந்த அன்றே பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஓய்வுபெறும் ஆண்டில் தேடத் தொடங்குகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம்தான் வருகிறது. அரச அலுவலகத்தில் பணம் கட்டினால் பொது 172 படிவப் பற்றுச்சீட்டு வேண்டும். அது இல்லையென்றால் பணத்தை வெளியே எடுக்காதீர்கள். ஒருவரின் சொந்தக் கைபேசி இலக்கத்துக்கோ சொந்த வங்கிக் கணக்குக்கோ எதையும் அனுப்பாதீர்கள். மூல ஆவணத்தை முகவரிடம் ஒப்படைக்கவே ஒப்படைக்காதீர்கள். பிரதி அலுவலகத்துக்குள்ளேயே எடுக்கப்பட வேண்டும் என்று கேளுங்கள். முடியாவிட்டால் கூடவே போய், எண்ணி எடுத்து, பிழையாக விழுந்த தாளையும் கையோடு கொண்டுவாருங்கள்.

எந்த அலுவலகத்துக்கு எழுதுவது என்பதில்தான் எங்கள் பகுதியினர் அதிகம் அலைகிறார்கள். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை மத்திய அமைச்சின் கீழ் உள்ளது. கிராமப்புற வைத்தியசாலைகள் பலவும் திருகோணமலையிலுள்ள மாகாண நிருவாகத்தின் கீழ் உள்ளன. அம்பாறை மாவட்டத்தில் அம்பாறை, கல்முனை என இரண்டு பிராந்தியப் பணிமனைகள். இடையில் மாறிச் சென்றவரின் கோவை எங்கே நிற்கிறதென்று தெரியாவிட்டால், கொழும்புக்கு இரவு பஸ் ஏற வேண்டாம், கடைசியாகக் கடமையாற்றிய இடத்தில் தகவலுக்கான உரிமைச் சட்ட விண்ணப்பங்களை ஏற்கும் தகவல் அலுவலரிடம் “எனது கோவை எத்திகதியில் எங்கு அனுப்பப்பட்டது?” என்று முதலில் கேளுங்கள். அதுவும் ஒரு தகவல்தான்.

கேட்டால் தூர இடத்துக்கு மாற்றிவிடுவார்களோ என்ற அச்சத்தை நான் அற்பமாக நினைக்கவில்லை. ஆனால் ஏன் கேட்கிறீர்கள் என்று சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. வெளிநாடு போவதைப் பற்றி ஒரு சொல்லும் எழுத வேண்டாம். தமிழில் எழுதுங்கள், பெயர், பதவி, சேவைக்காலம், வேண்டிய ஆவணங்கள், பார்வையிட விரும்புகிறீர்களா அல்லது பிரதி வேண்டுமா என்பது போதும். விண்ணப்பத்தின் உங்கள் பிரதியில் திகதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள், ஏனெனில் தகவல் அலுவலர் முடிவு சொல்ல வேண்டிய 14 வேலை நாட்கள் அந்தத் திகதியிலிருந்தே எண்ணப்படும். முடிவு வராவிட்டாலோ மறுத்தாலோ, அதன் பின் 14 நாட்களுக்குள் அந்த நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு செய்ய வேண்டும். அங்கும் சரிவராவிட்டால் கொழும்பிலுள்ள தகவலுக்கான உரிமை ஆணைக்குழுவுக்கு எழுத இரண்டு மாத அவகாசம் உண்டு. முதல் மேன்முறையீட்டுத் தவணையைத் தவறவிட்டுவிட்டு வருகிறவர்களே அதிகம். தவணை முடிவதற்கு முன்னர் வாருங்கள்.