போன் யாருடையது என்று முதலில் கேளுங்கள்

இந்த மாதமும் ஒரு பெண் எச்.ஐ.வி. மாத்திரையை நிறுத்திவிட்டார். "உங்கள் ஏ.ஆர்.டி. மருந்து வாங்கும் நாள் நாளை" என்று வந்த மெசேஜை அவருடைய கொழுந்தன் படித்துவிட்டாராம். அந்த வீட்டில் இருப்பதே ஒரு போன்தான். அதன் பிறகு மருந்து தரும் மையத்துப் பக்கமே அவர் வரவில்லை.

எச்.ஐ.வி. ஆலோசகராக இருக்கும் எனக்கு இது புதிதல்ல. "மெசேஜ் போட்டால் போதும், மறக்காமல் சாப்பிடுவார்கள்" என்ற நினைப்பை எப்போதுதான் விடப்போகிறோம்? ஏ.ஆர்.டி. எனப்படும் எச்.ஐ.வி. கூட்டு மருந்து எடுக்கும் பலருக்கு மறதி பிரச்சினையே இல்லை. கல்யாண வீட்டில் பத்துப் பேர் படுத்திருக்கும் அறையில் டப்பாவைத் திறக்க முடிவதில்லை. மருந்து வாங்க வந்தால் ஒருநாள் கூலி போகிறது. "அது என்ன மாத்திரை, தினமும்?" என்று மாமியார் கேட்கிறார். இதற்கெல்லாம் அலாரம் அடித்து என்ன ஆகும்? தென்னிந்தியாவில் 631 பேரை வைத்து நடந்த ஆய்வு 2014-ல் வெளிவந்தது. அதில் ஒரு பிரிவினருக்கு வாராவாரம் தானியங்கி அழைப்பும் பட மெசேஜும் போயின. குறிப்பிடும்படியான பலன் எதுவும் தெரியவில்லை.

கென்யாவில் நடந்து 2010-ல் வெளியான ஆய்வில் பலன் தெரிந்தது. அங்கே வாரம் ஒருமுறை போனது "எப்படி இருக்கீங்க?" என்ற கேள்வி மட்டும்தான். நோயின் பெயரும் மருந்தின் பெயரும் அதில் கிடையாது. பிரச்சினை என்று பதில் வந்தாலும், இரண்டு நாளில் பதிலே வராவிட்டாலும் மருத்துவமனை ஊழியர் கூப்பிட்டுப் பேசினார். மெசேஜ் பெற்றவர்களில் 57 சதவீதத்தினருக்கு வைரஸ் கட்டுக்குள் வந்தது, பெறாதவர்களில் 48. கூப்பிட்டுப் பேச ஆள் இல்லாமல் மெசேஜை மட்டும் காப்பியடித்துப் பிரயோசனமில்லை.

களப்பணியாளர்களே, எண் வாங்கும்போதே கேளுங்கள்: போன் யாருடையது, வேறு யார் எடுப்பார்கள், எந்த நேரத்தில் கூப்பிடலாம், வேறு ஆள் எடுத்தால் என்ன சொல்ல வேண்டும். பதிலை அவர் பெயருக்கு நேரே குறித்து வையுங்கள். புதுக் குரல் கேட்டால் "ஏ.ஆர்.டி. சென்டரிலிருந்து" என்று ஆரம்பிக்கவே கூடாது. ட்ரூகாலரில் உங்கள் எண் என்ன பெயரில் வருகிறது என்றும் ஒரு தரம் பாருங்கள். யாரோ சேமித்து வைத்த பெயர் எல்லார் போனிலும் தெரியலாம். மருந்து வாங்க வராதவர்கள் பட்டியலைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடுகிறீர்களே, அதை இன்றோடு நிறுத்துங்கள். சம்மதமில்லாமல் ஒருவருடைய எச்.ஐ.வி. நிலையை வெளியே சொல்வதை 2017-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. மேலதிகாரி அவசரமாகக் கேட்டார் என்பது சமாதானமே ஆகாது.

மருந்து எடுப்பவர்களுக்கு: லாக் ஸ்கிரீனில் மெசேஜ் தெரியாதபடி செட்டிங்கை மாற்றிக்கொள்ளுங்கள். மாற்றத் தெரியாவிட்டால் ஆலோசகரிடம் கேளுங்கள், செய்து தருவார். மெசேஜ் வேண்டாம் என்றால் தயங்காமல் சொல்லுங்கள், அதற்காக மருந்து நிற்காது. சந்தேகம் இருந்தால் எச்.ஐ.வி. உதவி எண்ணான 1097-க்கு இலவசமாகப் பேசலாம், பேசியதும் எண்ணைப் போனிலிருந்து அழித்துவிடுங்கள். சிம் மாற்றினால் புது எண்ணைக் கொடுங்கள். கொடுக்க மனமில்லையா, பரவாயில்லை. மாத்திரை தீருவதற்கு முன்னால் நேரில் வந்துவிடுங்கள்.