சால்வைப் படத்தை யார் வாங்குவார்கள்?

நாகர்கோவிலில் புத்தக வடிவமைப்பாளராக இருக்கிறேன். பக்கம் கட்டுவது, அட்டை போடுவது, அச்சகத்துக்குக் கோப்பு அனுப்புவது என்று 14 ஆண்டுகளாக இதுதான் பிழைப்பு. கடைசி ஐந்தாறு ஆண்டுகளில் இன்னொரு வேலையும் வந்து ஒட்டிக்கொண்டது. புத்தகம் கைக்குப் போன மறுவாரமே எழுத்தாளரிடமிருந்து போன் வரும். "இன்ஸ்டாகிராமில் போட ஏதாவது செய்து கொடுங்கள்."

அப்படிக் கேட்பவர்களிடம் முதலில் அவர்களுடைய கணக்கைத் திறந்து காட்டச் சொல்வேன். பெரும்பாலும் ஒரே காட்சிதான். பின்னால் பிளெக்ஸ், முன்னால் வரிசையாக எட்டுப் பேர், எட்டுத் தோளிலும் சால்வை, எட்டுப் பேர் கையிலும் நெஞ்சுக்கு நேராகப் பிடித்த புத்தகம். அடுத்த படத்திலும் அதே எட்டுப் பேர்தான், நிற்கும் இடம் மட்டும் மாறியிருக்கும். கீழே அறுபது பேர் "வாழ்த்துகள் சார்" என்று எழுதியிருப்பார்கள். அந்த அறுபது பேரும் விழாவுக்கு வந்தவர்கள். பாதிப் பேர் வீட்டில் புத்தகம் ஏற்கெனவே அன்பளிப்பாகப் போய்ச் சேர்ந்துவிட்டது.

மேடைப் படமே கூடாது என்று நான் சொல்லவில்லை. வந்தவர்களுக்குச் செலுத்தும் நன்றி அது, ஒருமுறை போட்டுவிடுங்கள். ஆனால் அது உங்கள் வீட்டு ஆல்பம். உங்களைத் தெரியாத ஒருவர், இரவு பதினொரு மணிக்குப் படுத்தபடி விரலால் தள்ளிக்கொண்டே போகிறவர், அந்த எட்டுப் பேரில் யாருக்காக நிற்க வேண்டும்?

முட்டம் பக்கத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், தம் கடற்கரைச் சிறுவயதைப் புத்தகமாக எழுதினார். காற்றுகளின் பெயர், மீன்களின் பெயர், கரைமடி வலை இழுத்த கதை எல்லாம் உண்டு. நல்ல புத்தகம், பக்கம் கட்டும்போதே இரண்டு இடங்களில் வேலையை நிறுத்திவிட்டுப் படித்தேன். ஆனால் வெளியாகி நான்கு மாதமாகியும் கட்டுகள் அவர் வீட்டுத் திண்ணையில் பிரிக்காமல் கிடந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிருந்தேன். பேச்சுவாக்கில் உள்ளே போய், அப்பா வலை பின்னிய மர ஊசியை எடுத்துவந்து காட்டினார். கைபட்டுக் கைபட்டு வழவழப்பாகி, தேன் நிறத்தில் இருந்தது. நூலைச் சுற்றி எப்படிக் கண்ணி போடுவது என்று கையால் செய்து காட்டிக்கொண்டே, கச்சான் காற்றடிக்கும் நாட்களில் கரையிலிருந்தவர்கள் என்ன செய்வார்கள் என்று சொல்லத் தொடங்கினார். நான் போனை ஜன்னல் விளிம்பில் சாய்த்துவைத்து எடுத்துவிட்டேன். நாற்பது விநாடி. முகம் இல்லை, கையும் ஊசியும் அவர் குரலும் பின்னால் கடலும் மட்டும். புத்தகத்தின் பெயர் கடைசி நான்கு விநாடிகளில்தான் வந்தது.

அந்தக் காணொளிக்குப் பிறகு முதல்முறையாக, அவருக்கு யாரென்றே தெரியாதவர்கள் புத்தகம் கேட்டார்கள். தூத்துக்குடியிலிருந்து ஒருவர். வளைகுடாவில் வேலை பார்க்கும் நம் ஊர்க்காரர்கள் சிலர், ஊரில் அம்மாவின் முகவரிக்கு அனுப்பச் சொல்லி. ஒருவர் புத்தகம் கேட்கவேயில்லை, "எங்கள் ஊரில் அந்த ஊசிக்கு வேறு பெயர்" என்று சண்டைக்கு வந்தார். சண்டை முடிந்து அவரும் வாங்கினார்.

படத்தை நம்பி நடக்கும் ஊடகத்தில் எழுத்தாளர்கள் காட்ட வேண்டியது புத்தகம் என்கிற பொருளை அல்ல, அதற்குள் இருப்பதை. ரப்பர் தோட்டத்தைப் பற்றி எழுதியிருந்தால், விடியலில் பட்டையைச் சீவியதும் சிரட்டையில் பால் இறங்கும் அந்த முதல் கோடு. தோவாளைப் பூச்சந்தையில் கதை நடந்தால் மாலை கட்டும் விரல்கள். சமையல் நூல் என்றால் சக்கைக் கொட்டையை, அதாவது பலாக்கொட்டையை, உரிக்கும் கை. கவிதையா? அப்படியானால் நீங்களே வாசியுங்கள், உங்கள் பேச்சு எந்த ஊர் வாடையில் இருக்கிறதோ அதே வாடையில். நம் மாவட்டத்துக்காரர்களுக்கு இதில் ஒரு கூச்சம் உண்டு. கேமரா முன்னால் வந்ததும் வானொலிச் செய்தி வாசிப்பவர்போல் ஆகிவிடுகிறார்கள். அந்தக் குமரித் தமிழைக் கேட்பதற்கென்றே நிற்கிறவர்கள் இருக்கிறார்கள் என்று சொன்னால் நம்ப மறுக்கிறார்கள்.

போகிற போக்கில் ஒரு வேண்டுகோள். கன்னியாகுமரியில் சூரிய அஸ்தமனத்துக்கு எதிரே புத்தகத்தைத் தூக்கிப் பிடிக்கும் படம் இனி வேண்டாம். வெளிச்சம் பின்னாலிருந்து வருவதால் அட்டை கருத்துப்போகும், தலைப்பே தெரியாது. திருவள்ளுவர் சிலையைப் பின்னணியாக வைப்பதும் அப்படித்தான். பீடத்தோடு 133 அடி நிற்கிறது சிலை. அதன் முன்னால் உங்கள் புத்தகம் ரேஷன் கார்டு மாதிரி இருக்கும். மணலில் வைத்துப் படமெடுக்கிறவர்களும் உண்டு. புத்தகத்தின் முதுகு ஒட்டிய இடத்தில் மணல் புகுந்தால் அந்தப் பிரதியை வாசகருக்கு விற்கக்கூட முடியாது. வெயில் நேரடியாக விழாத ஜன்னலோரம் போதும். ஜூன், ஜூலையில் தென்மேற்குப் பருவமழை மூடிய வானத்தின் வெளிச்சம் இருக்கிறதே, ஸ்டுடியோக்காரர்கள் வெள்ளைக் குடை பிடித்து உண்டாக்குவது அதைத்தான். பளபளக்கும் கிளாஸ் லேமினேஷன் அட்டையானால் கொஞ்சம் சாய்த்துப் பிடியுங்கள், இல்லையென்றால் டியூப்லைட்தான் அட்டையில் தெரியும்.

அட்டையைப் பற்றி என் தொழில்காரர்களையும் சேர்த்தே சொல்ல வேண்டும். கடை மேசையில் கிடக்கும்போது அழகாக இருக்கும் அட்டை, போனில் கட்டைவிரல் நகத்தளவு சுருங்கும்போது என்னவாகிறது என்று நாங்கள் பார்ப்பதில்லை. தமிழ் எழுத்துக்குச் சுழி அதிகம். ஞ, ண, ணை எல்லாம் மெல்லிய எழுத்துருவில் சிறிதாகும்போது அடைத்துக்கொண்டு கறுப்புப் புள்ளியாகிவிடும். நம் சொற்களும் நீளம். மூன்று சொல் தலைப்பென்றால் ஒரு வரியில் திணிக்க எழுத்தைக் குறுக்கிவிடுகிறோம். இப்போது நான் அட்டையை முடிவு செய்யும் முன், கோப்பை எனக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பி, போனைக் கையெட்டும் தூரத்தில் வைத்துப் பார்க்கிறேன். தலைப்பு படிக்க முடியவில்லையென்றால் மறுபடியும் முதலிலிருந்து. திறந்த உரிமத்தில் இலவசமாகவே நல்ல தமிழ் எழுத்துருக்கள் கிடைக்கின்றன. அவற்றில் ஒன்றின் பெயர் கேட்டமரான். நம் கட்டுமரம்தான் ஆங்கிலத்துக்குப் போய், எழுத்துருவாகத் திரும்பி வந்திருக்கிறது. அதன் தடித்த வடிவம் சிறிய அளவிலும் கலங்காமல் நிற்கிறது.

போனில் வடிவமைப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சில செயலிகளில் தமிழ் உடையும். கொம்பு ஒரு பக்கம், துணைக்கால் ஒரு பக்கம் நிற்கும். எழுதியவருக்குத் தம் கவிதை மனப்பாடம் என்பதால் கண்ணில் படாது, வாசகருக்கு முதலில் படுவதே அதுதான். பழைய டிடிபி எழுத்துருவில் இருக்கும் வரிகளைப் பதிவின் குறிப்பில் அப்படியே ஒட்டினால் வெறும் ஆங்கிலக் குப்பையாக வரும், எல்லாப் போனிலும் தெரியும் யூனிகோடுக்கு மாற்றிவிட்டு ஒட்டுங்கள். படத்துக்குள் இருக்கும் எழுத்தைப் பார்வையற்ற வாசகரின் திரைவாசிப்பானால் நம்பகமாகப் படிக்க முடியாது. தலைப்பையும் உங்கள் பெயரையும் குறிப்பிலும் ஒருமுறை எழுதுங்கள்.

செயற்கை நுண்ணறிவுப் படங்கள் இப்போது மலிந்துவிட்டன. குமரிக் கடற்கரையில் கட்டுமரம் என்று கேட்டால், மாலத்தீவு மாதிரி ஒரு நீலமும் அதில் வெள்ளைப் பாய் கட்டிய படகும் வருகின்றன. கடற்கரை மனிதர்களைப் பற்றி எழுதியவர் அந்தப் படத்தைப் போட்டால், அந்த மனிதர்கள் சிரிப்பார்கள். ஒருவர் அப்படிப் போட்டு, மீனவர் ஒருவர் "இந்த மரத்தை எங்கே கட்டினார்கள்?" என்று கேட்டது இன்றும் அந்தப் பதிவின் கீழ் இருக்கிறது.

கூகுளில் கிடைத்த படமும் பொதுச் சொத்தல்ல. இது நான் பட்டு அறிந்தது. ஒரு நூலுக்காக எழுத்தாளர் கொடுத்த கலங்கரை விளக்கப் படத்தை விசாரிக்காமல் அட்டையிலும் விளம்பரப் பதிவுகளிலும் பயன்படுத்தினேன். இரண்டாவது வாரம் படமெடுத்தவரே அழைத்தார், பக்கத்து ஊர்க்காரர். நல்ல மனிதர், பணம் கேட்கவில்லை, பெயர் போடாததுதான் அவருக்கு வருத்தம். மீதமிருந்த பிரதிகளுக்கு அட்டையை மாற்றினோம், செலவு என்னுடையது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி ஒரு புகைப்படத்துக்கு, அதை எடுத்தவரின் ஆயுள் முழுவதும், அவர் மறைந்த பிறகு 60 ஆண்டும் உரிமை உண்டு. ஆட்களைப் படமெடுப்பதிலும் அதே கவனம் வேண்டும். மீன் ஏலத்தில் நிற்கும் பெண்கள் உங்கள் நாவலின் விளம்பரத் தட்டிகள் அல்லர். கேட்டுவிட்டு எடுங்கள், குழந்தைகளென்றால் பெற்றோரைக் கேளுங்கள்.

பாட்டும் இந்த வகைதான். ரீல்ஸில் சினிமாப் பாட்டைப் போட்டு ஓட்டுகிறோம், பிறகு அதையே காசு கட்டி விளம்பரமாக்கப் போனால் அனுமதிக்காது. வணிகக் கணக்காக மாற்றியவர்களுக்குப் பாட்டுப் பட்டியலே சுருங்கிவிடும். மழையும் கடலும் உங்கள் குரலும் இருக்கும்போது பாட்டு எதற்கு என்பது என் கட்சி.

இனி பணம் பறிபோகும் இடம். தக்கலைக்காரக் கவிஞர் ஒருவர், அக்கா என்றுதான் அழைப்பேன், ஒரு விளம்பர நிறுவனத்துக்குப் பன்னிரண்டாயிரம் ரூபாய் கட்டியிருந்தார். பின்தொடர்பவர்கள் ஒரே வாரத்தில் எட்டாயிரம் ஆனார்கள். "பாருங்கள் தம்பி" என்று சந்தோஷமாகக் காட்டினார். நான் பட்டியலைத் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். தமிழ்ப் பெயர் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை, பாதிக் கணக்குகளில் படமே இல்லை. அந்த எட்டாயிரத்தில் ஒருவர்கூடக் கவிதை வாங்கவில்லை. அது மட்டுமல்ல நஷ்டம். உங்கள் பதிவை உங்களைப் பின்தொடர்பவர்களே கண்டுகொள்ளவில்லை என்றால், புதியவர்களிடம் அதைக் கொண்டுபோகச் செயலிக்குக் காரணமே இருக்காது. பொம்மைக் கூட்டத்தைக் காசு கொடுத்து உட்காரவைத்துவிட்டு, அரங்கு அமைதியாக இருக்கிறதே என்று வருந்துவது மாதிரி. அக்கா பிறகு புதுக் கணக்கு தொடங்கினார். இப்போது முந்நூற்றுச் சொச்சம் பேர், எல்லோரும் படிக்கிறவர்கள்.

புத்தக விமர்சனம் செய்யும் கணக்குகளுக்குப் பிரதி அனுப்புவது நல்ல வழி. பணம் கொடுத்தாலும் இலவசப் பிரதி கொடுத்தாலும், அதை அவர்கள் பதிவில் தெரிவிக்க வேண்டும் என்பது இந்திய விளம்பரத் தர நிர்ணயக் குழு 2021இல் கொண்டுவந்த வழிகாட்டுதல். "அதெல்லாம் யார் பார்க்கிறார்கள்" என்பவரிடம் கொடுக்காதீர்கள்.

"உங்கள் பதிவு பதிப்புரிமையை மீறியுள்ளது, 24 மணி நேரத்தில் கணக்கு நீக்கப்படும், இந்த இணைப்பில் உறுதிசெய்யுங்கள்" என்று இன்ஸ்டாகிராமின் பெயரில் செய்தி வரும். அடையாளச் சின்னமெல்லாம் அசலாகவே இருக்கும். தொடாதீர்கள். அசல் அறிவிப்பு இப்படித் தனிச்செய்தியில் வராது, செயலியின் அமைப்புகளுக்குள் போய்ப் பார்த்தால் அவர்கள் அனுப்பிய மின்னஞ்சல்களின் பட்டியல் இருக்கும். கடவுச்சொல்லோடு இன்னொரு குறியீட்டையும் கேட்கும் இரட்டைச் சரிபார்ப்பை இன்றே போட்டுவையுங்கள். பணம் போய்விட்டதென்றால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு அழையுங்கள்.

எந்தத் தளம் என்று கேட்பார்கள். 2020 ஜூனில் டிக்டாக் தடைசெய்யப்பட்டதும், அடுத்த மாதமே இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் இங்கே வந்தது. அன்றிலிருந்து கதை, கவிதைக்காரர்களுக்கு அதுவும் யூடியூப் ஷார்ட்ஸும்தான். கோலம், சமையல், தையல் நூல் போட்டவர்கள் மட்டும் பின்டெரஸ்டையும் பாருங்கள், அங்கே ஒரு படம் மாதக்கணக்கில் தேடலில் வந்துகொண்டிருக்கும், படத்தைத் தொட்டால் விற்பனைப் பக்கத்துக்கே போகும். இன்ஸ்டாகிராம் பதிவின் குறிப்பில் போடும் இணைப்பைத் தொட முடியாது என்பது பலருக்கு இன்னும் தெரியவில்லை. நீள நீளமாக இணைப்பை ஒட்டி வைத்திருக்கிறார்கள். அதைச் சுயவிவரப் பகுதியில் போடுங்கள், அல்லது ஸ்டோரியில் இணைப்பு ஸ்டிக்கராக ஒட்டுங்கள். விலை, தபால் செலவு, பணம் அனுப்பும் வழி, வாட்ஸ்அப் எண் ஆகிய நான்கையும் ஒரே படத்தில் எழுதி எப்போதும் மேலே நிற்கும்படி வையுங்கள். எண்ணைப் புத்தகத்துக்கென்று தனியாக வாங்கிக்கொள்வது நல்லது, குறிப்பாகப் பெண்கள். "விலை என்ன?" என்று கேட்டவருக்கு "இன்பாக்ஸில் வாருங்கள்" என்று பதில் சொல்லும் வழக்கத்தை யார் தொடங்கினார்களோ தெரியவில்லை. வாங்க வந்தவரைத் தெருவைச் சுற்றி வரச் சொல்வது அது.

முட்டத்து ஆசிரியர் இப்போது தாமே எடுக்கிறார். வாரம் ஒன்று. போனில் துடைக்காத லென்ஸால் முதல் மூன்றும் மூடுபனியில் எடுத்தவைபோல் இருந்தன, பிறகு வேட்டி நுனியால் துடைக்கப் பழகிக்கொண்டார். சென்ற வாரம் அழைத்தார்.

"மக்களே, காலையில் சாளை ஏலத்தை எடுத்து வைத்திருக்கிறேன். ஏலம் கூறுகிறவளிடம் கேட்டுவிட்டுத்தான் எடுத்தேன். ஆனால் அதில் புத்தகம் எங்கேயும் வரவில்லையே, போடலாமா?"

"போடுங்கள் சார். கடைசியில் எண்ணை மட்டும் எழுதிவிடுங்கள்."