பல்லண்டம்: ‘மல்டிவெர்ஸ்’ தமிழில் எப்படிச் சொல்வது?

மல்டிவெர்ஸ் என்பது இரண்டு பொருளில் புழங்கும் சொல். நாம் இருக்கும் இந்த அண்டத்தைப் போல வேறு அண்டங்களும் தனித்தனியாக உண்டு என்ற கருத்து ஒன்று. அந்த அண்டங்கள் அத்தனையையும் சேர்த்துக் குறிக்கும் பெயர் இன்னொன்று. பல்லண்டம் என்ற தமிழ்ச் சொல் இரண்டுக்கும் சரியாகப் பொருந்தும். ஏன் வேறு சொல் பொருந்தாது என்பதற்குத்தான் கொஞ்சம் நீளமாக எழுத வேண்டியிருக்கிறது, அதிலும் கேரளத்தில் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய எங்கள் கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கம் இருந்து எழுதும்போது. இங்கே ஒரு சொல்லைத் தமிழ்க் காதால் மட்டும் கேட்க முடியாது. பக்கத்தில் மலையாளக் காது ஒன்று எப்போதும் இருக்கும்.

இந்தச் சொல்லைப் பிள்ளைகள் வாய்க்குக் கொண்டுவந்ததில் பெரும் பங்கு 2018இல் வந்த ‘ஸ்பைடர்மேன்: இன்டு த ஸ்பைடர்வெர்ஸ்’ என்ற அனிமேஷன் படத்துக்கு உண்டு. அதன் இரண்டாம் பாகம் 2023 ஜூனில் தமிழ், மலையாளம், தெலுங்கு உட்பட இந்தியாவில் 10 மொழிகளில் வந்தது. கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: புரூக்ளினில் வாழும் மைல்ஸ் மொராலெஸ் என்ற பள்ளிக்கூடப் பையனை ஒரு சிலந்தி கடிக்கிறது. ஊருக்கு அடியில் ஒரு வில்லன் ஓட்டும் ராட்சத இயந்திரத்தால் அண்டங்களுக்கு இடையே ஓட்டை விழுகிறது. வேறு வேறு அண்டங்களில் இருந்து வேறு வேறு ஸ்பைடர்மேன்கள் வந்து விழுகிறார்கள். ஒருத்தி பெண், ஒருவர் கறுப்பு வெள்ளையில் இருப்பவர், ஒன்று பன்றி. சொந்த இடம் இல்லாததால் அவர்கள் உடம்பு அவ்வப்போது கோடு கோடாகப் பிரிந்து துடிக்கும். அண்டம் மாறி வந்தவர் என்பதைப் படம் வசனமில்லாமல் காட்டிவிடுகிற இடம் அது. இரண்டாம் பாகத்தில் மைல்ஸே அண்டம் அண்டமாகத் தாவுகிறான். ஒவ்வொன்றுக்கும் எண் உண்டு: அவனுடையது 1610, தோழி குவென் இருப்பது 65, அவனைக் கடித்த சிலந்தி வந்தது 42இல் இருந்து.

சொல்லின் பிறப்புக்கும் காமிக்ஸுக்கும் சம்பந்தம் இல்லை. வில்லியம் ஜேம்ஸ் என்ற அமெரிக்க மெய்யியலாளர் 1895இல் ஆற்றிய ஓர் உரையில் இதைச் சொன்னார். இயற்கைக்கு நல்லது கெட்டது என்ற பேதம் கிடையாது, அது எப்படி வேண்டுமானாலும் வளையும், ஆகவே ஒழுக்க நோக்கில் அது யுனிவெர்ஸ் அல்ல, மல்டிவெர்ஸ் என்றார். வேறு உலகங்கள், வேறு பூமிகள் எல்லாம் அவர் மனதில் இல்லை.

யுனிவெர்ஸ் என்ற பழைய சொல்லில் இருந்து அவர் உருவாக்கியது அது. இலத்தீனில் ‘வெர்தெரே’ என்றால் திருப்புதல், ‘யுனிவெர்சும்’ என்றால் ஒன்றாகத் திரண்டது, அதாவது முழுமை. செய்யுள் வரிக்கு ஆங்கிலத்தில் வழங்கும் வெர்ஸும் அதே வேரில் வந்ததுதான். ஏர் ஓட்டுபவர் வயலின் ஓரத்துக்குப் போய் ஏரைத் திருப்பி அடுத்த சால் பிடிப்பார் இல்லையா, அந்தத் திருப்பம்தான் வரிக்குப் பெயராயிற்று. ‘யுனி’யை எடுத்துவிட்டு ‘மல்டி’யைப் போட்டால், வேரின்படி ‘ஒன்றாகத் திரண்டது பலவாக’ என்று வரும். கொஞ்சம் முரண்பாடான சொல்தான். ஆனால் சொற்கள் வேரைக் கேட்டுக்கொண்டா நடக்கின்றன?

1957இல் ஹியூ எவரெட் என்ற இளம் இயற்பியலாளர், ஓர் அணு நிகழ்வுக்குப் பல முடிவுகள் சாத்தியம் என்றால் அந்த எல்லா முடிவுகளும் தனித்தனிக் கிளைகளில் நடந்தேறுகின்றன என்று கணக்கின் வழியே வாதிட்டார். மல்டிவெர்ஸ் என்ற சொல் அவருடையது அல்ல. 1970இல் பிரைஸ் டிவிட் எழுதிய கட்டுரைக்குப் பிறகுதான் ‘பல உலகங்கள்’ என்று அந்தக் கருத்து பரவலாகப் பேசப்பட்டது. இதற்கிடையே காமிக்ஸ்காரர்கள் முந்திக்கொண்டார்கள். 1961இல் டிசி நிறுவனத்தின் ஃப்ளாஷ் 123ஆம் இதழில் ஒரு பூமியின் ஃப்ளாஷ் இன்னொரு பூமியின் ஃப்ளாஷைச் சந்தித்தார். பழைய நாயகனையும் புதிய நாயகனையும் ஒரே கதையில் வைக்க எழுத்தாளருக்கு ஒரு வழி தேவைப்பட்டது, அவ்வளவுதான். அதன்பின் இதுவே காமிக்ஸின் வாடிக்கை ஆகிவிட்டது. மைல்ஸும் 2011இல் மார்வெலின் அப்படி ஒரு மாற்றுப் பூமிக் கதையில் பிறந்தவன்தான்.

சரி, தமிழுக்கு வருவோம். ஆளுக்கொன்றாகச் சொல்லப்படும் சொற்களை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதலில் பிரபஞ்சம். ‘பல பிரபஞ்சம்’, ‘இணை பிரபஞ்சம்’ என்று பத்திரிகைகளில் நிறையப் பார்க்கிறோம். தமிழ்நாட்டுக்குள் இருந்து பார்த்தால் குறை ஒன்றும் இல்லை. மலையாளத்திலும் பிரபஞ்சம் என்றால் அண்டம்தான், எனவே எங்கள் பக்கமும் சிக்கல் இல்லை. ஆனால் வடக்கே திருத்தணி, நகரி, புத்தூர் என்று ஆந்திர எல்லைக்குப் போய்ப் பாருங்கள். தெலுங்கில் பிரபஞ்சம் என்றால் உலகம், நாம் மிதிக்கிற இந்த உலகம். அண்டத்துக்கு அவர்கள் விஸ்வம் என்பார்கள். தெலுங்கும் தமிழும் கலந்து பேசும் வீட்டில் ‘பிரபஞ்சம் விட்டுப் பிரபஞ்சம் போனான்’ என்று சொன்னால், விசா எடுத்துக்கொண்டு போனான் என்று பாட்டி புரிந்துகொள்ளலாம்.

அடுத்து உலகம், லோகம். ஈரேழு பதினாலு லோகம் என்று நமக்கு ஏற்கெனவே ஒரு பழைய கணக்கு உண்டு, நாரதர் அவற்றில் தாராளமாக உலவுவார். அதனால் ‘நம்மிடம் இல்லாத மல்டிவெர்ஸா’ என்று சிலர் மார்தட்டுவதுண்டு. நிதானமாகப் பார்த்தால் அது இது அல்ல. அந்தப் பதினான்கும் மேலும் கீழுமாக அடுக்கிய உலகங்கள். எல்லாம் ஒரே அண்டத்துக்குள் இருப்பவை. பூலோகத்தில் ஒரு நாரதர், சத்தியலோகத்தில் இன்னொரு நாரதர் என்று கிடையாது. ஒரே ஆள்தான் மாடி ஏறி இறங்குகிறார். மைல்ஸ் செய்வது அது அல்ல. அவன் வேறு கட்டடத்துக்கே போகிறான். அங்கே அவனைப் போலவே ஒருவன் ஏற்கெனவே குடியிருக்கிறான்.

அந்த ‘வேறு கட்டடம்’ என்பதற்கு நம் பழைய சொல் அண்டம். வடமொழியில் முட்டை என்று பொருள். பிரம்மனின் முட்டை பிரம்மாண்டம். ஒரு முட்டைக்குள் பதினான்கு உலகம். முக்கியமான விஷயம், முட்டை ஒன்றுதான் என்று யாரும் சொல்லவில்லை. கந்தபுராணத்துச் சூரபத்மன் 1008 அண்டங்களை ஆண்டவன். திருவாசகத்தின் திருவண்டப்பகுதி இன்னும் மேலே போகிறது:

“அண்டப் பகுதியின் உண்டைப் பிறக்கம்
அளப்பருந் தன்மை வளப்பெருங் காட்சி
ஒன்றனுக் கொன்று நின்றெழில் பகரின்
நூற்றொரு கோடியின் மேற்பட விரிந்தன”

‘உண்டை’ என்றால் உருண்டை. அண்டங்கள் உருண்டை உருண்டையாக நூற்றொரு கோடிக்கும் மேலாக விரிந்து கிடக்கின்றன என்கிறார் மாணிக்கவாசகர். அடுத்த வரி ‘இன்னுழை கதிரின் துன்னணுப் புரைய’. வீட்டுக்குள் நுழையும் வெயில் கீற்றில் தூசி மிதக்குமே, இறைவனுக்கு முன்னால் அந்த அண்டங்கள் அத்தனையும் அப்படி. ஓட்டு வீட்டில் வளர்ந்தவர்களுக்கு உரை தேவைப்படாத வரி. பக்தியை விட்டுவிட்டுச் சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டாலும், அண்டம் என்பதைப் பன்மையில் நினைக்கத் தமிழ் எப்போதோ பழகிவிட்டது என்பது தெரிகிறது. இதனால் நம் முன்னோர் குவாண்டம் இயற்பியல் படித்திருந்தார்கள் என்று ஆகாது. அந்த வாதத்தில் எனக்கு ஆர்வம் இல்லை. சொல் கைவசம் இருக்கிறது என்பது மட்டும் போதும்.

பிரம்மாண்டம் ஏன் கூடாது? அந்தச் சொல்லைச் சினிமா விளம்பரம் தின்றுவிட்டது. தமிழில் ‘பிரம்மாண்டமான படைப்பு’, மலையாளத்தில் ‘பிரம்மாண்ட சித்ரம்’, தெலுங்கிலோ நன்றாகச் சமைத்த குழம்புக்கே பிரம்மாண்டம் பட்டம் கொடுப்பார்கள். மூன்று மொழியிலும் ‘பெரிசு’, ‘பிரமாதம்’ என்று ஆகிவிட்ட சொல்லைத் திரும்பவும் அறிவியலுக்கு இழுத்து வர முடியாது.

அண்டத்துக்கும் எங்கள் பக்கம் ஓர் எதிர்ப்பு உண்டு. மலையாளம் வழியாகப் பள்ளியில் படிக்கும் பையனிடம் ‘அண்டம்’ என்றால் அவனுக்கு உயிரியல் பாடம்தான் நினைவுக்கு வரும். அண்டம் என்றால் கருமுட்டை, அண்டாசயம் என்றால் சூலகம். என் அக்கா மகனிடம் பல்லண்டம் என்று சொன்னதும் “என்ன மாமா, நிறைய முட்டையா?” என்று கேட்டான். நியாயமான கேள்வி. தமிழ்வழிப் பாடநூலிலும் அண்டச்செல் இருக்கிறது, ஆனால் அங்கே பேரண்டமும் இருப்பதால் இரண்டையும் பிரித்துக்கொள்ள முடிகிறது. மலையாளத்திலும் அண்டகடாகம் என்ற பழைய சொல் உயிரோடுதான் இருக்கிறது. கடாகம் என்றால் கொப்பரை. முட்டை ஓட்டைப் போல் எல்லாவற்றையும் கவிந்து மூடிய பெரிய கொப்பரை. அதைச் சொன்னதும் பையனுக்குப் பிடிபட்டது. அதனால் எல்லையோரத்தில் விளக்கும்போது அண்டகடாகத்தில் தொடங்கிப் பல்லண்டத்துக்கு வருவது நல்லது.

இனிச் சொல்லாக்கம். பல் + அண்டம். தனிக்குறில் முன் ஒற்று உயிர் வரின் இரட்டும் என்ற நன்னூல் விதிப்படி பல்லண்டம். பல்லுயிர், பல்லாண்டு என்று ஏற்கெனவே நம் நாக்குக்குப் பழகிய ஓசை. ‘பன்னாடு, பன்மொழி’ மாதிரி ‘பன்னண்டம்’ என்று எழுதிவிடக் கூடாது. அங்கே ல் ன் ஆவது பின்னால் ந, ம வருவதால். தவிர, பன்னண்டம் என்பது பேச்சில் பன்னெண்டு மாதிரி கேட்டுத் தொலைக்கும். பலவண்டம் என்றாலும் இலக்கணப்படி சரிதான், ஆனால் சொல்லிப் பாருங்கள், நடுவில் ஒரு வண்டு பறக்கிறது.

இணையுலகம் என்ற சொல்லும் புழக்கத்தில் இருக்கிறது. அது வேறு வேலைக்கு. பல்லண்டம் என்பது மொத்தத் தொகுதி. இணையுலகம் அந்தத் தொகுதியில் நம் உலகத்துக்குப் பக்கத்தில் நம்மைப் போலவே ஓடும் ஒன்று. மைல்ஸ் சிக்கிக்கொள்ளும் 42ஆம் உலகம் இணையுலகம். அதை எழுதும்போது ஒரு கவனம் வேண்டும்: இணையுலகம் என்று சேர்த்து எழுதாமல் ‘இணைய உலகம்’ என்று போட்டுவிட்டால் இன்டர்நெட் ஆகிவிடும். இன்னொரு வேடிக்கை, கணக்குப் பாடத்தில் இணைகோடுகள் எவ்வளவு நீட்டினாலும் சந்திக்காதவை. சினிமாவில் இணையுலகங்கள் சந்திக்காவிட்டால் கதையே கிடையாது.

இந்த ‘ஒன்றைப் போல இன்னொன்று’ என்பதற்கு எங்கள் ஊர்ப் பெயரே உதாரணம். தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி இரண்டு சித்தூர்கள் உண்டு. ஒன்று கேரளத்தில், பாலக்காடு மாவட்டத்தில், எழுத்தச்சன் குருமடம் இருக்கும் ஊர். இன்னொன்று ஆந்திரத்தில், மாவட்டத் தலைநகர். தமிழில் இரண்டையும் ஒரே மாதிரிதான் எழுதுகிறோம். இரண்டிலும் தமிழ் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள், இரண்டிலும் பெயர்ப்பலகை வேறு மொழியில். கேரளத்துச் சித்தூரை மலையாளத்தில் எழுதியிருப்பதை எழுத்துக் கூட்டினால் சிற்றூர் என்று சுத்தத் தமிழாகவே வரும்.

படத்தின் இரண்டாம் பாகத்தில் மொழிக்காரர்களுக்கென்றே ஒரு காட்சி இருக்கிறது. மும்பையும் மான்ஹாட்டனும் கலந்த மும்பாட்டன் என்ற நகரத்துக்கு மைல்ஸ் போகிறான். அங்கே பவித்ர் பிரபாகர் என்ற இந்திய ஸ்பைடர்மேன். 2004இல் காமிக்ஸில் அறிமுகமான பாத்திரம் இது. பேச்சுவாக்கில் மைல்ஸ் ‘சாய் டீ’ என்கிறான். பவித்ருக்கு வருகிறதே கோபம்! சாய் என்றாலே டீதானே, டீ டீ என்கிறாயா என்று பிடித்துக்கொள்கிறான். எங்கள் எல்லையோர ஊரான வேலந்தாவளத்தில் இந்தப் பக்கம் சாயா, அந்தப் பக்கம் டீ என்று இரண்டையும் குடித்து வளர்ந்தவர்களுக்கு அதில் கூடுதல் சிரிப்பு. இரண்டும் ஒரே சீனச் சொல்லின் இரண்டு வட்டார உச்சரிப்புகள். ஒன்று டச்சுக்காரர் கப்பலில் ஐரோப்பா போய் டீ ஆயிற்று, இன்னொன்று சா, சாய், சாயா என்று ஆசியாவின் பல பகுதிகளில் பரவியது. ‘நடு சென்டர்’, ‘கேட்டு வாசல்’ என்று நாமும் மைல்ஸ் மாதிரி பேசுகிறவர்கள்தான், பவித்ரைக் கூப்பிட்டுத் திட்டச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் எழுத்தில் இதைக் கவனிக்க வேண்டும். ‘பல்லண்டங்கள்’ என்று எழுதினால் அது டீ டீதான். பல் என்பதிலேயே பன்மை இருப்பதால் பல்லண்டம் என்று ஒருமையில் நிறுத்தினால் போதும்; ஒவ்வொன்றையும் சொல்லும்போது அண்டங்கள்.

கடைசியாக, வெர்ஸ் என்ற வால். ஸ்பைடர்வெர்ஸ் என்பதில் அது தனி விகுதியாகிவிட்டது. ‘திருப்பு’ என்ற பழைய பொருள் போய், ‘இன்னாரின் உலகம்’ என்ற பொருள் வந்துவிட்டது. தமிழ் ரசிகர்கள் ஒரு இயக்குநரின் படங்களைச் சேர்த்து யுனிவர்ஸ் என்று பேசுவதும் இந்தப் பொருளில்தான். அங்கே அண்டத்தைக் கொண்டுபோய் ஒட்ட வேண்டாம். ஒரே கதைமாந்தர்கள் வந்துபோகும் படங்களின் தொகுதிக்குக் கதையுலகம் என்ற சொல் பொருத்தம். படத்தின் பெயரைச் ‘சிலந்தியண்டம்’ என்று மொழிபெயர்ப்பதும் வேண்டாத வேலை. பெயர் பெயராகவே இருக்கட்டும். ‘ஸ்பைடர்வெர்ஸ் படத்தில் மைல்ஸ் பல்லண்டம் முழுக்கத் தாவுகிறான், 42ஆம் இணையுலகில் மாட்டிக்கொள்கிறான்’ என்று எழுதினால் தமிழ்நாட்டிலும் புரியும், இரண்டு சித்தூரிலும் புரியும்.