உளுந்து வயலில் ஒரு வளையத் தண்ணீர்

மியன்மாரின் பெகு (பாகோ) வட்டாரத்தில் மே மாத நடுவில் தொடங்கி அக்டோபர் வரை பெய்யும் மழையில் நெல் விளைகிறது. அறுவடை முடிந்ததும், மண்ணில் எஞ்சிய ஈரத்தை நம்பி நம்மவர் அதே நிலத்தில் உளுந்து விதைக்கிறார்கள். நெல்லுக்குத் தண்ணீர் மேலே நிற்க வேண்டும், உளுந்துக்கோ கீழே இறங்க வேண்டும். ஆகவே, மண்ணுக்குள் நீர் புகும் வேகம் அதன் நலத்தைக் காட்டும் என்று சொல்வோர், எந்தப் பயிருக்கு என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அளக்கும் முறை சிறுபிள்ளை விளையாட்டைப் போன்றது. 15 செ.மீ. விட்டமுள்ள இரும்பு வளையத்தை மண்ணில் 8 செ.மீ. ஆழத்துக்கு அடித்து இறக்கி, உள்ளே 440 மி.லி. தண்ணீர் ஊற்றினால் 25 மி.மீ. உயரத்துக்கு நிற்கும், அது முழுவதும் வடிய எவ்வளவு நேரமாகிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். காய்ந்த மண் முதல் நீரை ஆவலோடு உறிஞ்சிவிடும் என்பதால், இரண்டாம் முறை ஊற்றும்போது கிடைக்கும் நேரமே நம்பத்தக்கது.

அந்த நேரம் உண்மையில் மண்ணின் துளைகளைப் பற்றிப் பேசுகிறது. குழாய் போன்ற ஒரு துளையின் விட்டம் இருமடங்கானால் அதில் ஓடும் நீர் 16 மடங்காகும். எனவே மண்புழு விட்டுச்சென்ற சில வளைகளும், மட்கிய வேர்களின் தடங்களும் எண்ணற்ற நுண்துளைகளைவிட அதிக நீரை இறக்கிவிடுகின்றன. மட்கு குறைந்த மண்ணில் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்பதில்லை. மழைத்துளி மோதியதும் பொலபொலப்பான மண் திரட்டுகள் சிதறி, நுண்துகள்கள் துளைகளை அடைத்து, மேலே ஓடு போன்ற படலம் உருவாகிறது.

ஆனால் வெறும் மணல், எந்த நலமும் இல்லாமலே மணிக்கு 30 மி.மீ.க்கு மேல் குடிக்கும். களிமண் 1 முதல் 5 மி.மீ.தான். மாக்வேயின் மணற்பாங்கான நிலக்கடலைக் கொல்லையையும் பெகுவின் களியையும் ஒப்பிடுவது வீண்வேலை. வெடிப்பு விழுந்த களிமண் முதல் தண்ணீரை மடமடவென விழுங்கி நம்மை ஏமாற்றவும் செய்யும். உழவு படாத வரப்போரத்தில் ஒன்று, வயலின் நடுவில் ஒன்று என அளந்து, ஒரே மண்ணை அதனுடனேயே ஒப்பிடுவதே முறை.

நெல் வயலில் இந்த வேகம் குறைவாக இருப்பது நோயன்று, உழைப்பின் பலன். சேற்றுழவில் திரட்டுகளைக் குலைத்து, ஏறத்தாழ 15 முதல் 20 செ.மீ. ஆழத்தில் கெட்டியான தட்டு ஒன்றை உழவரே உண்டாக்குகிறார். அதனால் நாளொன்றுக்குச் சில மி.மீ. நீரே கீழே கசிகிறது. அதே தட்டு உளுந்தின் வேரை மறித்து, பருவம் தவறிய ஒரு மழையில் வேரழுகலுக்கு வழிவகுக்கிறது. அதை முழுவதும் உடைத்துப்போட்டால் அடுத்த நெல்லுக்குத் தண்ணீர் நிற்காது என்பதால், தட்டைத் தொடாமல் மேல்மண்ணைத் தேற்றுவதே நடைமுறைக்கு ஏற்றது: அறுவடைக்குப்பின் நிற்கும் நெல்தாளை எரிக்காமல் விடலாம், ஈரமண்ணில் டிராக்டரை இறக்காமல் இருக்கலாம்.

நீர் வடிந்ததும் வளையத்தை எடுத்துவிட்டு, அந்த இடத்தை மண்வெட்டியால் நேராக வெட்டிப் பார்க்க வேண்டும். ஈரம் மேலேயே தங்கியிருந்தால் மேற்படலம் அடைத்திருக்கிறது. ஒரு சாண் ஆழம் வரை இறங்கிப் பின் பக்கவாட்டில் விரிந்திருந்தால், தண்ணீரைத் தடுத்தது தட்டு.