ஆன்டிவைரஸ் ஒன்று போதும், பிரவுசர் இரண்டு வேண்டும்

வீட்டுக் கம்ப்யூட்டருக்குப் பாதுகாப்பு என்றதும் எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி, எந்த ஆன்டிவைரஸ் போடுவது என்பதுதான். எந்த பிரவுசர், அதில் என்னென்ன எக்ஸ்டென்ஷன் (பிரவுசரில் கூடுதல் வசதிக்குச் சேர்க்கும் சிறு நிரல்), கடைசியாக எப்போது அப்டேட் ஆனது என்று கேட்பவர் அபூர்வம். பழுதுபார்க்க வரும் மெஷின்களில் தொற்று எந்த வழியாக வந்தது என்று தேடிப் போனால், பெரும்பாலும் பிரவுசரில்தான் போய் நிற்கிறது: தேடல் முடிவுகளின் உச்சியில் இருந்த விளம்பரத்தை அழுத்தி இறக்கிய போலி இன்ஸ்டாலர், யோசிக்காமல் ‘அலவ்’ கொடுத்த நோட்டிஃபிகேஷன், எப்போதோ போட்டு மறந்துபோன எக்ஸ்டென்ஷன். அதனால் பிரவுசரிலிருந்தே தொடங்குவோம்.

சந்தையில் பிரவுசர்கள் பல இருந்தாலும் உள்ளே ஓடி, இணையப் பக்கத்தைத் திரையில் காட்டும் எஞ்சின்கள் மூன்றுதான். குரோம், எட்ஜ், பிரேவ், ஓபரா, விவால்டி எல்லாமே கூகுளின் திறந்த மூலத் திட்டமான குரோமியம் மீது கட்டியவை. ஃபயர்ஃபாக்ஸுக்கு கெக்கோ என்ற சொந்த எஞ்சின். ஆப்பிள் கருவிகளில் வரும் சஃபாரிக்கு வெப்கிட். குரோமியத்தில் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால், அதை அடைக்கும் மாற்றம் திறந்த மூலக் குறியீட்டில் எல்லார் கண்ணிலும் படும். தாக்குபவனும் அதைப் படிப்பான். அதே எஞ்சினில் ஓடும் மற்ற பிரவுசர்கள் அந்தத் திருத்தத்தை எடுத்துச் சேர்க்கும்வரை அவற்றின் கதவு திறந்தே இருக்கும். எட்ஜ், பிரேவ் போன்றவை விரைவாகச் சேர்த்துவிடுகின்றன. பெயர் தெரியாத நிறுவனங்கள் ‘மின்னல் வேகம்’, ‘முழு ரகசியம்’ என்று சொல்லி விடும் குரோமியம் நகல்கள் பல மாதம் பின்தங்கிக் கிடக்கலாம். சோதிப்பது எளிது. மெனுவில் ஹெல்ப், பிறகு அபவுட் என்று போனால் குரோமியம் பதிப்பு எண் தெரியும். முதல் எண்ணை அன்றைய குரோமின் எண்ணோடு ஒப்பிடுங்கள். ஒன்று குறைந்தால் பரவாயில்லை. மூன்று நான்கு குறைந்தால் அந்த பிரவுசரை எடுத்துவிடுங்கள்.

நல்ல பிரவுசரை வைத்துக்கொண்டும் பழைய பதிப்பிலேயே ஓட்டுபவர்கள் நிறைய. குரோம் சில வாரங்களுக்கு ஒருமுறை பெரிய பதிப்பு விடுகிறது; 2023 ஆகஸ்டிலிருந்து பாதுகாப்புத் திருத்தங்கள் வாராவாரம் வருகின்றன. அவை பின்னணியில் தானாக இறங்கிவிடும். ஆனால் பிரவுசரை மூடித் திறக்கும்வரை ஓடிக்கொண்டிருப்பது பழையதுதான். லேப்டாப்பை மூடினால் அது தூங்குகிறதே தவிர பிரவுசர் மூடப்படுவதில்லை. இப்படியே வாரக்கணக்கில் போய்விடும். திறந்த டேப்கள் போய்விடுமே என்ற பயம்தான் காரணம் என்றால், செட்டிங்ஸில் ‘ஆன் ஸ்டார்ட்-அப்’ பகுதிக்குப் போய் ‘கன்டின்யூ வேர் யூ லெஃப்ட் ஆஃப்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். இன்காக்னிட்டோ டேப்கள் மட்டும் திரும்ப வராது.

விண்டோஸ் பழையதாக இருந்தால் பிரவுசரால் முழுதாகக் காப்பாற்ற முடியாது. விண்டோஸ் 7, 8.1 இரண்டுக்கும் குரோம் 109-ஆம் பதிப்போடு நின்றுவிட்டது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. நீட்டிப்புத் திட்டத்தில் சேர்ந்தால் வீட்டு உபயோகத்துக்கு 2026 அக்டோபர்வரை பாதுகாப்புத் திருத்தங்கள் உண்டு. பழைய விண்டோஸில் விலை உயர்ந்த ஆன்டிவைரஸ் போட்டால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை தவறு. 2017 மே 12-இல், கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வானாக்ரை உலகெங்கும் பரவியபோது, அது பயன்படுத்திய ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே திருத்தம் கொடுத்துவிட்டிருந்தது. அதைப் போட்டிருந்த மெஷின்களுக்குள் அந்த ஓட்டை வழியாக அது நுழைய முடியவில்லை. விண்டோஸ் 11 ஏற்காத கம்ப்யூட்டரில் இணையமும் கடிதமும் மட்டும்தான் வேலை என்றால் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போடுவது நல்ல தீர்வு.

இனி, இரண்டு பிரவுசர் எதற்கு? ஒன்று வங்கி, வரி, முக்கிய மின்னஞ்சல் ஆகியவற்றுக்கு மட்டும். அதில் எக்ஸ்டென்ஷன் எதுவும் கூடாது. பொழுதுபோக்குக்கு அதைத் திறக்கவும் கூடாது. மற்ற எல்லா உலாவலும் இன்னொன்றில். குரோமோ எட்ஜோ முதல் வேலைக்கு, ஃபயர்ஃபாக்ஸ் இரண்டாவதுக்கு என்பது எங்கள் பரிந்துரை. காரணம், யூபிளாக் ஆரிஜின் என்ற விளம்பரத் தடுப்பு எக்ஸ்டென்ஷன். குரோம் தன் எக்ஸ்டென்ஷன் விதிகளை மாற்றிய பிறகு அதன் முழு வடிவம் அங்கே ஓடுவதில்லை. ‘லைட்’ வடிவம்தான் கிடைக்கிறது. ஃபயர்ஃபாக்ஸில் முழு வடிவமும் ஓடுகிறது. விளம்பரத் தடுப்பானைச் சொகுசு என்று நினைக்க வேண்டாம். பிரபல மென்பொருளின் பெயரைத் தேடினால் உச்சியில் விளம்பரமாக வருவது சில நேரம் போலித் தளம். அந்த விளம்பரமே கண்ணில் படாவிட்டால் பாதி ஆபத்து கழிந்தது. போடும்போது பெயரில் ‘ஆரிஜின்’ இருக்கிறதா, உருவாக்கியவர் ரேமண்ட் ஹில் என்று இருக்கிறதா என்று பாருங்கள். கிட்டத்தட்ட அதே பெயரில் வேறு ஒன்றும் உண்டு.

மற்ற எக்ஸ்டென்ஷன்களில் கை வைக்கும்முன் நிறைய யோசிக்க வேண்டும். ‘எல்லாத் தளங்களிலும் உள்ள உங்கள் தரவைப் படிக்கவும் மாற்றவும்’ என்று அனுமதி கேட்கும் எக்ஸ்டென்ஷன், நீங்கள் திறக்கும் மின்னஞ்சலையும் படிக்க முடியும். இன்று நல்லதாக இருப்பது நாளை கை மாறலாம். தி கிரேட் சஸ்பெண்டர் என்ற பிரபலமான எக்ஸ்டென்ஷன் 2020-இல் வேறொருவருக்கு விற்கப்பட்டது; 2021 பிப்ரவரியில் தீம்பொருள் என்று சொல்லி கூகுளே அதை நீக்கியது. 2024 டிசம்பரில் சைபர்ஹேவன் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் எக்ஸ்டென்ஷனையே ஃபிஷிங் என்ற போலி மின்னஞ்சல் தந்திரத்தால் கைப்பற்றி, திருட்டுக் குறியீடு சேர்த்த பதிப்பை விட்டார்கள். அப்டேட் தானாக இறங்குவதால் பயனர் எதையும் அழுத்தவே வேண்டியிருக்கவில்லை. குரோமில் எக்ஸ்டென்ஷனின் டீடெயில்ஸ் பக்கத்துக்குப் போய் ‘சைட் ஆக்சஸ்’ என்பதை ‘ஆன் கிளிக்’ ஆக மாற்றினால், நீங்கள் அழுத்தும்போது மட்டும்தான் அது அந்தப் பக்கத்தைப் பார்க்கும். கூப்பன் தேடித் தருவது, பிடிஎஃப் மாற்றித் தருவது எல்லாம் தேவையே இல்லை.

அடுத்தது, அதிகம் பேரைப் பயமுறுத்தும் விஷயம். திரையின் வலது கீழ் மூலையில் ‘உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ்’ என்று அடிக்கடி எட்டிப் பார்க்கும் செய்தி. முழு ஸ்கேன் ஓட்டியும் ஒன்றும் அகப்படாது, ஏனென்றால் அங்கே வைரஸ் கோப்பே கிடையாது. அந்தச் செய்திப் பெட்டியை உற்றுப் பாருங்கள்: சின்ன எழுத்தில் பிரவுசரின் பெயரும் ஒரு தள முகவரியும் இருக்கும். விண்டோஸே அனுப்பும் உண்மையான எச்சரிக்கையில் ‘விண்டோஸ் செக்யூரிட்டி’ என்ற பெயர்தான் வரும். என்றோ ஒரு தளம் ‘நீங்கள் ரோபோ இல்லை என்று காட்ட அலவ் அழுத்தவும்’ என்று கேட்டிருக்கும், அழுத்தியிருப்பீர்கள். குரோமில் செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ் என்று போய், அனுமதி பெற்ற பட்டியலில் தெரியாத முகவரிகளை நீக்குங்கள். தளங்கள் இனிமேல் கேட்கவே கூடாது என்றும் அங்கேயே வைத்துவிடலாம்.

இதன் பெரிய அண்ணன், திரை முழுவதையும் அடைத்துக்கொண்டு அலாரம் அடிக்கும் பக்கம். எஸ்கேப் கீயைச் சில நொடி அழுத்திப் பிடியுங்கள்; முழுத்திரை விலகும். விலகாவிட்டால் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரில் பிரவுசரை முடித்துவிடுங்கள். மறுபடி திறக்கும்போது ‘ரீஸ்டோர்’ என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். இல்லையேல் அதே பக்கம் திரும்ப வரும். திரையில் தெரியும் எண்ணுக்குப் போன் செய்யாதீர்கள். மைக்ரோசாஃப்டின் எச்சரிக்கைகளில் போன் எண் இருக்கவே இருக்காது.

இப்போது ஆன்டிவைரஸுக்கு வருவோம். சாதாரண வீட்டுக்கு விண்டோஸோடு வரும் டிஃபெண்டர் போதும். ஜெர்மனியின் மாக்டெபுர்க் நகரில் இருக்கும் ஏவி-டெஸ்ட், ஆஸ்திரியாவின் இன்ஸ்பிரூக்கில் இருக்கும் ஏவி-கம்பேரட்டிவ்ஸ் ஆகிய சோதனைக்கூடங்களின் அறிக்கைகளை யாரும் படிக்கலாம். ஏவி-டெஸ்ட் பாதுகாப்பு, வேகம், பயன்பாட்டு எளிமை என்ற மூன்றுக்கும் தலா 6, மொத்தம் 18 மதிப்பெண் வைக்கிறது. டிஃபெண்டர் பல ஆண்டுகளாக அதில் முழு மதிப்பெண்ணோ அதையொட்டியோ வாங்கி வருகிறது. ஒரு மாத அறிக்கையை வைத்து முடிவு செய்யாமல், நல்ல கோப்பைத் தவறாகப் பிடித்த கணக்கையும் சேர்த்துப் பாருங்கள்.

ஆனால் டிஃபெண்டர் இருக்கிறது என்பது வேறு, வேலை செய்கிறது என்பது வேறு. விண்டோஸ் செக்யூரிட்டியில் வைரஸ் பாதுகாப்பு அமைப்புகளைத் திறந்து, ரியல்-டைம், கிளவுட், டேம்பர் புரொடெக்‌ஷன் மூன்றும் ஆன் ஆக இருக்கின்றனவா என்று பாருங்கள். பிறகு ‘ஆப் அண்ட் பிரவுசர் கன்ட்ரோல்’ பகுதியில், வேண்டாத செயலிகளைத் தடுக்கும் இரண்டு பெட்டிகளையும் டிக் செய்யுங்கள். இதில் டவுன்லோடைத் தடுக்கும் பெட்டி எட்ஜில் மட்டும்தான் பலிக்கும்; செயலிகளைத் தடுப்பது எந்த பிரவுசரில் இறக்கினாலும் பலிக்கும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, வைரஸ் பாதுகாப்பு அமைப்புகள் பக்கத்தின் அடியில் இருக்கும் ‘எக்ஸ்க்ளூஷன்ஸ்’, அதாவது டிஃபெண்டர் சோதிக்காமல் விடும் விலக்குப் பட்டியல். கிராக் செய்த (காசு கட்டாமல் ஓட பூட்டு உடைத்த) மென்பொருளோடு வரும் குறிப்பு ‘முதலில் ஆன்டிவைரஸை நிறுத்து’ என்று சொல்லும். அல்லது கிராக்கே ஓடும்போது சி டிரைவ் முழுவதையும் விலக்குப் பட்டியலில் சேர்த்துவிடும். அதன் பிறகு பச்சை டிக் அப்படியே இருக்கும், சி டிரைவில் எதையும் டிஃபெண்டர் தொடாது. வீட்டுக் கம்ப்யூட்டரில் அந்தப் பட்டியல் காலியாக இருக்க வேண்டும். தெரியாத வரி எதுவும் இருந்தால் நீக்கிவிட்டு, ஸ்கேன் ஆப்ஷன்ஸில் ஆஃப்லைன் ஸ்கேனை ஓட்டுங்கள். மெஷின் ரீஸ்டார்ட் ஆகி, விண்டோஸ் எழும்முன்பே சுமார் 15 நிமிடம் தேடும். ஒளிந்துகொள்ளும் ரகங்கள் அப்போதுதான் பிடிபடும். ஆன்டிவைரஸ் விழித்திருக்கிறதா என்று சோதிக்க ஐக்கார் கோப்பு உண்டு. 68 எழுத்துள்ள, தீங்கற்ற ஒரு வரி. அதைச் சேமித்த மாத்திரத்தில் எச்சரிக்கை வர வேண்டும்.

இரண்டு ஆன்டிவைரஸ் போட்டால் இரட்டைப் பாதுகாப்பு கிடைக்காது. ஒவ்வொன்றும் கோப்பு திறக்கப்படும் கணத்தில் இடைமறிக்கும் டிரைவரை வைக்கிறது. ஒரே கோப்பை இரண்டும் பிடித்து இழுக்க, கம்ப்யூட்டர் உறைந்து நிற்கும். வேறு ஆன்டிவைரஸ் போட்டதும் டிஃபெண்டர் தானே ஒதுங்கிக்கொள்வதும் இதனால்தான். புது லேப்டாப்போடு வரும் சோதனைப் பதிப்பு காலாவதியாகி நினைவூட்டிக்கொண்டே இருந்தால், அதை நீக்கி, அந்த நிறுவனத்தின் ரிமூவல் டூலையும் ஓட்டி, ரீஸ்டார்ட் செய்து, டிஃபெண்டர் திரும்ப வந்துவிட்டதா என்று பாருங்கள்.

இலவச ஆன்டிவைரஸ்களில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. அவாஸ்ட் தன் பயனர்களின் உலாவல் விவரங்களை ஜம்ப்ஷாட் என்ற துணை நிறுவனம் வழியாக விற்றதற்காக, அமெரிக்க வர்த்தக ஆணையம் 2024 பிப்ரவரியில் 1.65 கோடி டாலர் கட்ட வைத்தது. காசு கொடுத்து வாங்குவதில் தவறில்லை. குழந்தைகளின் கட்டுப்பாடு, பல கருவிகளை ஒரே இடத்தில் பார்ப்பது, போனில் உதவி கேட்கும் வசதி இவை தேவைப்படும் வீட்டுக்கு அது பொருந்தும். வாங்கியவுடன் அதோடு வரும் கிளீனர், டிரைவர் அப்டேட்டர், பிரவுசர் எக்ஸ்டென்ஷன் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். கிளீனர்களால் எந்த நன்மையும் இல்லை. 2017-இல் சிகிளீனர் என்ற பிரபல கிளீனரின் அதிகாரபூர்வ இன்ஸ்டாலரிலேயே தீம்பொருள் புகுந்தது, முறையான டிஜிட்டல் கையொப்பத்தோடு.

எந்த ஆன்டிவைரஸும் தாமதமாக விழிக்கும் இடம் ஒன்று உண்டு. ரோபோ இல்லை என்று காட்டச் சொல்லும் போலி கேப்ச்சா பக்கம், ‘விண்டோஸ் கீயும் ஆர் கீயும் அழுத்து, பேஸ்ட் செய், என்டர் தட்டு’ என்று கேட்கும். கட்டளையை நீங்களே உங்கள் கையால் ஓட்டுகிறீர்கள். உண்மையான கேப்ச்சா எதுவும் விசைப்பலகையில் இதைக் கேட்காது. இப்படி உள்ளே வருவது பெரும்பாலும் தகவல் திருடி. பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளைத் திறக்கும் சாவி உங்கள் விண்டோஸ் லாகினோடு கட்டியது. உங்கள் பெயரில் ஓடும் நிரலுக்கு அது எட்டும். அட்மின் உரிமைகூட வேண்டாம். நீங்கள் ஏற்கெனவே லாகின் செய்தவர் என்று தளத்துக்குக் காட்டும் குக்கீயை எடுத்துக்கொண்டு போனால் ஓடிபி கேட்காமலே உங்கள் கணக்கில் நுழையலாம். குரோம் 2024-இல் 127-ஆம் பதிப்பில் இதற்குக் கூடுதல் பூட்டுப் போட்டது. அதையும் மீறும் வழிகள் வந்துவிட்டன. ஃபயர்ஃபாக்ஸில் ‘பிரைமரி பாஸ்வேர்டு’ இயல்பாக ஆஃப் ஆக இருக்கும், ஆன் செய்யுங்கள். முக்கியக் கணக்குகளுக்கு பிட்வார்டன், கீபாஸ் போன்ற தனிப் பாஸ்வேர்டுப் பெட்டகம் மேல்.

திருட்டு நடந்திருக்கும் என்று சந்தேகம் வந்தால், அந்தக் கம்ப்யூட்டரில் பாஸ்வேர்டு மாற்றாதீர்கள், புதியதும் போய்விடும். நெட்டை துண்டித்துவிட்டு, போனிலிருந்து முதலில் மின்னஞ்சல், பிறகு வங்கி என்று மாற்றி, எல்லாக் கருவிகளிலிருந்தும் சைன் அவுட் கொடுங்கள். திருடிய குக்கீ அப்போதுதான் செல்லாமல் போகும். அதன் பிறகு ‘ரீசெட் திஸ் பிசி’யில் ‘ரிமூவ் எவ்ரிதிங்’ கொடுத்து விண்டோஸைப் புதிதாகப் போடுங்கள். பேக்கப்பிலிருந்து படங்களையும் ஆவணங்களையும் மட்டும் எடுங்கள். பழைய இன்ஸ்டாலர்கள் வேண்டாம். பிரவுசரில் மறுபடி சைன் இன் செய்ததும் சிங்க் அமைப்பில் ‘எக்ஸ்டென்ஷன்ஸ்’ என்பதை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால், துடைத்து எடுத்த மெஷினுக்குள் அதே கெட்ட எக்ஸ்டென்ஷனை கணக்கே கொண்டுவந்து போட்டுவிடும்.